மனைவியும் மகளும் வருகிறார்கள்: சிங்கப்பூரில் 2,400 வெள்ளிக்குள் தனி வீடு கிடைக்குமா?

சீமெய்_பறவை:

எல்லோருக்கும் வணக்கம். சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலை பார்க்கிறேன், எம்ப்ளாய்மென்ட் பாஸ். இப்போது சீமெயில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக, அதாவது அரசு அடுக்குமாடி) வீட்டில் காமன் ரூம் (குளியலறையைப் பகிர்ந்துகொள்ளும் சாதாரண அறை) எடுத்துத் தங்கியிருக்கிறேன். வீட்டுக்காரர்களும் அங்கேயே இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான், ஆனால் சமையல் கூடாது. தனியாக இருந்தவரை அது பெரிய சிரமமாகத் தெரியவில்லை.

இப்போது மனைவிக்கும் மூன்று வயது மகளுக்கும் டிபெண்டன்ட் பாஸ் (குடும்பத்தினருக்கான அனுமதி) கிடைத்துவிட்டது. அடுத்த மாதக் கடைசியில் வருகிறார்கள். அதற்குள் ஒரு மூவறை வீடு (இரண்டு படுக்கையறை, ஒரு கூடம்) பிடிக்க வேண்டும். வாடகைக்கு 2,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஒதுக்க முடியும், மிஞ்சிப் போனால் 2,600. ஊரில் அப்பாவுக்கு மாதாமாதம் அனுப்பும் பணத்தில் கை வைக்க மனமில்லை.

தேடுவதில் மூன்று சிக்கல்கள். பெயரைப் பார்த்ததுமே சில ஏஜென்ட்கள் "ஓனர் இந்தியர்களுக்குத் தர மாட்டார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் "லைட் குக்கிங் மட்டும்" என்கிறார்கள். அதற்கு என்ன அளவு என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு வீட்டுக்காரர் மட்டும் பேசிப் பழகி எல்லாம் ஒத்துவந்த பிறகு, "உங்கள் பாஸுக்குக் கோட்டா நிரம்பிவிட்டது" என்றார். அப்படி ஒன்று நிஜமாகவே உண்டா, இல்லை நாசூக்காக மறுக்கிறாரா?

அப்புறம் ஒரு விளம்பரம். தெம்பனிஸில் மூவறை வீடு, 1,900 வெள்ளி. ஒரு படுக்கையறையில் ஓனரின் சாமான்கள் இருக்குமாம், அதைப் பூட்டித்தான் வைப்பார்களாம். மீதி வீடு முழுக்க நமக்கு. நிறைய பேர் கேட்பதால், வந்து பார்ப்பதற்கு முன்பே ஒரு மாத வாடகையை முன்பணமாகப் பேநௌவில் (வங்கிக் கணக்குக்கு உடனடிப் பணப்பரிமாற்றம்) அனுப்பினால் பிடித்து வைப்பதாகச் சொல்கிறார். விலையைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பிடோக்வாசி:

தம்பி, முதலில் அந்த 1,900 வெள்ளி வீட்டுக்கு ஒரு காசும் அனுப்பாதீர்கள். வீட்டைக் கண்ணால் பார்க்காமல் பணம் கேட்கிறார் என்ற ஒரு காரணமே போதும். ஒருவேளை ஆள் உண்மையானவராகவே இருந்தாலும் அந்த ஏற்பாடு செல்லாது. வீவக வீட்டில் அறைகளை மட்டும் வாடகைக்கு விடும் ஓனர் அதே வீட்டில் தொடர்ந்து குடியிருக்க வேண்டும். ஓர் அறையைப் பூட்டிவிட்டு வேறெங்கோ இருந்துகொண்டு, "அறைதான் வாடகைக்கு விட்டிருக்கிறேன்" என்று கணக்குக் காட்டுவது விதிமீறல். முழு வீட்டை விடுவதற்கு அவருக்குத் தகுதி இருக்காது. பெரும்பாலும், முழு வீட்டை விடுமுன் ஓனர் தானே குடியிருக்க வேண்டிய ஐந்து வருடக் குறைந்தபட்சக் காலத்தை முடித்திருக்க மாட்டார், அல்லது நிரந்தரவாசியாக இருப்பார். நிரந்தரவாசிகள் முழு வீவக வீட்டை வாடகைக்கு விட முடியாது. சோதனை வந்தால் ஓனருக்கு நடவடிக்கை, உங்களுக்குக் குழந்தையோடு வேறு இடம் தேடும் அலைச்சல்.

கோட்டா உண்மைதான், அவர் பொய் சொல்லவில்லை. முழு வீவக வீட்டை வாடகைக்கு எடுக்கும் மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு, அக்கம்பக்கம் முழுவதையும் சேர்த்து 8 சதவீதம், ஒரு புளோக்குக்கு 11 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அது நிரம்பிவிட்டால் அந்த புளோக்கில் மலேசியருக்கோ சிங்கப்பூரருக்கோதான் முழு வீட்டை விட முடியும். அதனால் வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே, "என்னுடையது இந்திய பாஸ்போர்ட், புளோக் கோட்டாவைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். ஓனர் வீவக இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அறை வாடகைக்கு இந்தக் கோட்டா கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீடு விற்கும்போது பார்க்கும் இனவாரி விகிதாச்சாரம் வாடகைக்கும் உண்டு என்று சில ஏஜென்ட்கள் சொல்வார்கள். வாடகைக்கு அது பொருந்தாது. யாராவது "இந்தியர் கோட்டா முடிந்துவிட்டது" என்றால் நம்பாதீர்கள். இருப்பது வெளிநாட்டவர் கோட்டா மட்டும்தான்.

விலையைப் பொறுத்தவரை, 2,400க்கு மூவறை முழு வீடு கிடைப்பது இப்போது கஷ்டம். பிடோக் பக்கம் எழுபதுகளின் கடைசியில் கட்டிய பழைய புளோக்குகளில், ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஏர்கான் அறைக்குள் மட்டும் இருக்கிற, தளவாடம் அதிகம் இல்லாத வீடாகப் பார்த்தால் 2,600ஐ ஒட்டிப் பேசலாம். பிடோக் நார்த்திலிருந்து டவுன்டவுன் பாதையில், உங்கள் பிசினஸ் பார்க்குக்குப் பக்கத்து நிலையமான எக்ஸ்போவுக்கு ரயில் மாறாமல் போகலாம். உங்களுக்கு அதுதான் வசதி.

பொங்கோல்_காற்று:

பிடோக்வாசி சொன்ன விதிகள் எல்லாம் சரி. இடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. கிழக்கிலேயே நின்று தேட வேண்டாம். பிசினஸ் பார்க் வேலைக்காக எல்லோரும் தெம்பனிஸ், சீமெய், பிடோக் என்று மொய்ப்பதால் அங்கே பேரம் பேச இடமே இல்லை.

பொங்கோலிலிருந்து 118 எண் பேருந்து நேராக சாங்கி பிசினஸ் பார்க்குக்குப் போகிறது. ஈசூன், உட்லண்ட்ஸ் பக்கமென்றால் 969 விரைவுச்சாலை வழியாகத் தெம்பனிஸில் கொண்டுவந்து விடும். அங்கிருந்து ரயில். காலையில் நேரம் கூடத்தான் ஆகும், மறுக்கவில்லை. ஆனால் ஈசூனில் அதே பணத்துக்கு வாசல்வரை லிஃப்ட் வருகிற, சமையலறையில் பெரிய ஜன்னல் உள்ள வீடு கிடைக்க வாய்ப்பு அதிகம். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு அரை மாடி ஏறி இறங்க வேண்டிய பழைய புளோக்கை உங்கள் மனைவிமேல் சுமத்தாதீர்கள். பகல் முழுக்க வீட்டில் இருக்கப் போகிறவர் அவர். கீழே விளையாட்டுத் திடல் இருக்கிறதா, ஈரச் சந்தை நடக்கும் தூரத்தில் இருக்கிறதா என்பதையும் அவருக்காகப் பாருங்கள்.

சீமெய்_பறவை:

இருவருக்கும் நன்றி. அந்த விளம்பரக்காரரிடம், வீவக அனுமதி எடுத்துத் தருவீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் தேவையில்லை, ரொம்ப வருஷமாக இப்படித்தான் விடுகிறேன்" என்றார். விட்டுவிட்டேன்.

118 பற்றித் தெரியாமல் இருந்தது. பொங்கோலிலும் தேடத் தொடங்குகிறேன். இன்னொரு யோசனை. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் நாலறை வீடு எடுத்துக் குடும்பத்தோடு இருக்கிறார். அதில் மாஸ்டர் ரூமை (குளியலறை சேர்ந்த பெரிய படுக்கையறை) எங்களுக்குத் தருவதாகச் சொல்கிறார், சமையலறை பொது, 1,300 வெள்ளி. முதல் ஆறு மாதத்தை அப்படி ஓட்டிவிடலாமா?

கறிவேப்பிலை:

தம்பி, அவர் ஓனரா, இல்லை அவரும் வாடகைக்கு இருப்பவரா? வாடகைக்கு இருப்பவரென்றால் வேண்டாம். வீவக வீட்டில் வாடகைக்கு இருப்பவர் இன்னொருவருக்கு உள்வாடகை விடக் கூடாது. "மெயின் டெனன்ட்" (முதன்மை வாடகைதாரர்) என்று சொல்லிக்கொண்டு இங்கே பலர் செய்கிறார்கள், பழக்கம் என்பதால் சரியாகிவிடாது. அவர்மேல் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் வழி இருக்கிறது. ஓனரிடம் பேசி, இரண்டு குடும்பங்களின் பெயரையும் வாடகைதாரர்களாக ஒப்பந்தத்தில் போட்டு, வீவகவிலும் பதிந்துவிடுங்கள். இரு தரப்பும் ஓனருக்கே பொறுப்பு. வீட்டில் மொத்தம் எத்தனை பேர் தங்கலாம் என்ற வரம்பையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்போது அது முறையான ஏற்பாடு.

சமையல் விஷயம் மனதில் பட்டதால்தான் எழுத வந்தேன். நான் இங்கே நிறைய வருடங்களாகக் குடும்பம் நடத்துகிறேன். "இந்தியர் வேண்டாம்" என்பதைக் கேட்டு எனக்கும் வயிறு எரிந்திருக்கிறது. விளம்பரத்தில் இனத்தைக் குறிப்பிட்டு ஒதுக்கக் கூடாது என்று சொத்து முகவர்களுக்கு, அவர்களைக் கண்காணிக்கும் அமைப்பான சிஇஏவின் வழிகாட்டுதல் இருக்கிறது. விளம்பரத்திலேயே அப்படிப் போட்டிருந்தால் புகார் கொடுங்கள், தயங்காதீர்கள். ஆனால் அடுத்த மாதம் குழந்தை வருகிறாள், உங்களுக்கு வீடு வேண்டும். அதற்கு என் கையில் பலித்த வழியைச் சொல்கிறேன்.

"லைட் குக்கிங்" என்ற வார்த்தைக்கு ஒத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். அதற்கு ஆளாளுக்கு ஓர் அர்த்தம். நீங்கள் தாளித்த முதல் நாளே ஒருவர் அதைக் கனத்த சமையல் என்பார், முன்பணத்தில் வந்து நிற்கும். நேரில் பார்க்கப் போகும்போது, "தினமும் இரண்டு வேளை சமைப்போம், தாளிப்போம், எண்ணெயில் பொரிப்பது எப்போதாவது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஓனர்களின் பயம் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கும் சோபாவிலும் திரையிலும் ஏறும் வாசனையும்தான். அதற்கு நீங்களே பதிலைக் கையில் வைத்திருங்கள்: காலி செய்யும்போது ஆள் வைத்து வீடு முழுக்கக் கழுவித் தருகிறேன், அடுப்புக்கு மேலிருக்கும் ஹூடை ஒழுங்காகச் சுத்தம் செய்கிறேன், இதையெல்லாம் எழுதிக்கொள்ளலாம் என்று. கூடவே "சமையலுக்கு அனுமதி உண்டு" என்ற வரியையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். துணி சோபா இருந்தால் எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். தளவாடம் குறைந்தால் வாடகையும் குறையப் பேசலாம்.

முடிந்தால் மனைவியை வீடியோ அழைப்பில் சேர்த்துக்கொண்டு ஓனரிடமே பேச வையுங்கள். ஏஜென்ட் நடுவில் நின்று மறுத்த வீட்டை, ஓனர் குழந்தையைப் பார்த்ததும் தந்த கதை எனக்குத் தெரியும். மலாய், இந்திய ஓனர்களின் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. சீன ஓனர்களிலும் சமையலைப் பொருட்டாகவே எடுக்காதவர்கள் நிறைய பேர் உண்டு. முன்கூட்டியே யாரையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

ஒப்பந்தப்படி:

வாடகையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள். கையில் முதல் நாள் எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். 2,500 வெள்ளி வாடகை, இரண்டு வருட ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் வழக்கப்படி இரண்டு மாதம், அதாவது 5,000. முதல் மாத வாடகை 2,500. முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 சதவீதம்; 60,000 வெள்ளிக்கு 240. உங்களுக்கென்று ஏஜென்ட் வைத்தால் அவருக்கு ஒரு மாத வாடகை வரை போகும். ஓனரின் ஏஜென்ட் உங்களிடமும் கமிஷன் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரே ஏஜென்ட் ஒரே வீட்டுக்கு இரு தரப்புக்கும் வேலை செய்யக் கூடாது.

ஒரு வருட ஒப்பந்தமென்றால் முன்பணம் பொதுவாக ஒரு மாதம்தான். கையிருப்பு குறைவாக இருந்தால் அதைக் கேளுங்கள். வீவகவில் ஆறு மாதத்துக்குக் குறைந்து விட முடியாது. விண்ணப்பிக்கும்போது உங்கள் பாஸிலும் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதி நெருங்கியிருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

ஏஜென்டின் பதிவு எண்ணை சிஇஏ பொதுப் பதிவேட்டில் தேடுங்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. அதில் இருக்கும் தொலைபேசி எண்ணும் உங்களிடம் பேசுகிறவரின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அடுத்தவர் பதிவு எண்ணைப் போட்டுக்கொண்டு ஏமாற்றுவதுதான் இப்போது அதிகம். வீவக வீட்டு வாடகைப் பணத்தை ஏஜென்ட் கையால் தொடவே கூடாது. பணம் ஓனரின் கணக்குக்கு மட்டும், அந்தப் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போன பிறகு. சந்தேகமிருந்தால் நில ஆணையத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் கட்டி வீடு யார் பெயரில் இருக்கிறது என்று எடுத்துவிடலாம்.

சீமெய்_பறவை:

பாஸில் இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. அப்படியென்றால் இரண்டு வருட ஒப்பந்தம் போட்டுவிட்டு, நடுவில் வேலை போனால் என்ன ஆகும்? மீதி வாடகையைக் கட்டச் சொல்வார்களா? அந்தப் பயத்தில்தான் ஒரு வருடமே போதும் என்று தோன்றுகிறது.

ஒப்பந்தப்படி:

ஒப்பந்தத்தில் டிப்ளமேட்டிக் கிளாஸ் இல்லாவிட்டால் கேட்கத்தான் செய்வார்கள். வேலை முடிந்துபோனாலோ, பாஸ் ரத்தானாலோ, நாட்டை விட்டு மாற்றினாலோ இடையில் விலகலாம் என்பதுதான் அந்த விதி. வழக்கமாக முதல் 12 மாதம் இருந்துவிட்டு, அதன்பின் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து விலகலாம். நடைமுறையில் 14 மாதம் கட்ட வேண்டிவரும். நிறுவனத்தின் கடிதம் காட்ட வேண்டும். ஓனர் தன் ஏஜென்டுக்குக் கொடுத்த கமிஷனில் மீதிக் காலத்துக்கான பங்கை உங்களிடம் கேட்கும் வரியும் பலசமயம் கூடவே வரும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு வருட ஒப்பந்தத்தில் இந்த விதியைப் பெரும்பாலும் தர மாட்டார்கள். உங்கள் நிலைமைக்கு, விதியோடு கூடிய இரண்டு வருடமே பாதுகாப்பு, வாடகையும் ஏறாது.

சிறு பழுதுகளை யார் பார்ப்பது என்ற வரியையும் கவனியுங்கள். ஒவ்வொரு பழுதுக்கும் முதல் 150 அல்லது 200 வெள்ளி வாடகைதாரர் பொறுப்பு, அதற்கு மேல் ஓனர் என்று இருக்கும். ஏர்கான் சர்வீஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் செலவு, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். நுழையும்போதே பழுதாக இருப்பவை முதல் 30 நாட்களுக்குள் ஓனர் செலவில் சரிசெய்யப்படும் என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள்.

பிடோக்வாசி:

சாவி வாங்கும் அன்று சுவர், தரை, அடுப்படி, கழிவறை, மெத்தை எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து அன்றைக்கே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பின்னால் முன்பணத்தைப் பிடித்தால் சிறு கோரிக்கை மன்றத்துக்குப் போகலாம். இரண்டு வருடத்துக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்களை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள், 20,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. அந்தப் படங்கள்தான் உங்கள் சாட்சி.

முத்திரைத் தீர்வை கட்டிய சான்றிதழை மறக்காமல் வாங்குங்கள். அது இல்லாத ஒப்பந்தம் அங்கே சாட்சியாகச் செல்லாது. குடிவந்ததும் உங்கள் பெயரும் மனைவி பெயரும் அந்த முகவரியில் பதிவாகியிருக்கின்றனவா என்று வீவக தளத்தில் பாருங்கள். அலுவலக எச்ஆரிடம் புது முகவரியையும் கொடுத்துவிடுங்கள்.

சனிக்கிழமை பிடோக் நார்த் பக்கம் வீடு பார்க்க வருவதாக இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், கூட வருகிறேன். எங்கள் புளோக்குக்கு இரண்டு புளோக் தள்ளி ஒரு மலாய்ப் பாட்டி மூவறை வீடு விடப் போவதாகக் காப்பிக் கடையில் சொன்னார்கள். ஏஜென்ட் இல்லை. கோட்டா இருக்கிறதா என்று அவர் மகனிடம் நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன்.