பழைய அடிபம்பு கிடக்க, புது போர் (ஆழ்துளைக் கிணறு) போடலாமா?

சிற்றோடை:
80 வீடுள்ள ஏழைக் கிராமம். முன்பு ஒரு மிஷன் குழு போட்டுக் கொடுத்த இந்தியா மார்க் 2 அடிபம்பு ஒரு வருஷமாகச் சும்மா நிற்கிறது. சனங்கள் குட்டைத் தண்ணீரைத்தான் மொண்டு குடிக்கிறார்கள். எங்கள் சபைக் குழு இரண்டு வாரம் அங்கே தங்கும். கையிலிருக்கும் பணம் புது போருக்குப் போதும். கைப்பிடி லேசாக இறங்குகிறது, தண்ணீர் வரவில்லை. பழையதை விட்டுவிடலாமா?

கிணற்றடி:
விடாதீர்கள். கைப்பிடி கனமே இல்லாமல் இறங்கினால் பெரும்பாலும் உள்ளே ராடு, அதாவது கைப்பிடியையும் கீழேயுள்ள பிஸ்டனையும் இணைக்கும் கம்பி, கழன்றிருக்கும், இல்லை முறிந்திருக்கும். ராடு இணைப்பில் செக்நட்டை (கழலாமல் பிடிக்கும் நட்டை) இறுக்காமல் விட்டால் அடிக்க அடிக்கத் தானே கழன்றுவிடும். இதற்குப் போய் புது போரா?

தண்ணீர் வர ஆரம்பித்த பிறகும் கவனியுங்கள். காலையில் ரொம்ப நேரம் அடித்த பிறகே வந்தால் அடிவால்வோ (தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுப்பது) பைப் இணைப்போ கசிகிறது. வருவது குறைந்துகொண்டே போனால் பிஸ்டன் வாஷர் தேய்ந்திருக்கிறது. கொஞ்ச நேரம் வந்து நின்று, ஆறவிட்டால் மறுபடி வந்தால் நீர்மட்டம் சிலிண்டருக்கு (பிஸ்டன் ஓடும் குழாய்க்கு) கீழே இறங்குகிறது; போரில் ஆழம் இருந்தால் பைப் சேர்த்துச் சிலிண்டரை இறக்கலாம். மணல் வந்தால் எத்தனை வாஷர் மாற்றினாலும் நிற்காது, போரின் அடியில் மணலைத் தடுக்கும் ஃபில்டரில் கோளாறு.

பைப் ஒவ்வொன்றும் 3 மீட்டர். 30 மீட்டர் இறக்கியிருந்தால் பத்து பைப், ராடோடு சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டும். பைப்பைப் பிடித்திருக்கும் கிளாம்ப் வழுக்கினால் மொத்தமும் போருக்குள் விழும், பிறகு நிஜமாகவே புது போர்தான். ஆர்வமுள்ள இளைஞர்கள் கையால் இழுக்கிற வேலை அல்ல இது. பம்பு மெக்கானிக்கை வைத்துச் செய்யுங்கள், ஊர்க்காரர் இரண்டு பேர் கூடவே நின்று கற்றுக்கொள்ளட்டும்.

சிற்றோடை:
நிற்பதற்கு முன்பே தண்ணீர் துரு நிறத்தில் வந்து, சோறு கறுத்ததாம். அதனால்தான் யாரும் ரிப்பேருக்கு முனையவில்லை என்கிறார்கள்.

நீர்க்கோடு:
அப்படியானால் முக்கியமான தகவலை இப்போதுதான் சொல்கிறீர்கள்! தண்ணீரின் பிஹெச் (அமிலத்தன்மை அளவு; குறையக் குறைய அமிலம் அதிகம்) 6.5-க்குக் கீழே இருந்தால் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை அரித்துவிடும். திரும்ப ஜிஐ போட்டால் அதே கதைதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்பும் ராடும் போடுங்கள். ஆனால் அதற்கு முன் ராடைச் சரிசெய்து தண்ணீர் வரவைத்து, அரைமணி நேரம் விடாமல் அடித்துப் பாருங்கள். நிறம் தெளிந்தால் குற்றவாளி பைப். தெளியாவிட்டால் நிலத்தடி நீரிலேயே இரும்பு இருக்கலாம்.

செலவழிக்கும் முன் லேபில் ஃபுளோரைடும் ஆர்செனிக்கும் பாருங்கள், இரண்டும் கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. உலக சுகாதார நிறுவன வரம்பு லிட்டருக்கு முறையே 1.5 மில்லிகிராம், 0.01 மில்லிகிராம். கழிப்பறைக் குழி 30 மீட்டராவது தள்ளியிருக்கிறதா என்றும் அளந்துவிடுங்கள்.

கிணற்றடி:
மிச்சப் பணத்தை ஊரிடம் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். வாஷர் செட், பேரிங், செயின், ஸ்பேனர் வாங்கி ஊரிலேயே வையுங்கள். வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று அவர்களே முடிவுசெய்து வசூலித்து, கணக்கை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதட்டும். தினமும் தண்ணீர் எடுக்கும் பெண்களில் இரண்டு பேருக்குப் பொறுப்பு கொடுத்தால், செயினுக்குக் கிரீஸ் போடுவதும் நட்டு இறுக்குவதும் தவறாது.

நீர்க்கோடு:
ஒன்று விட்டுப்போனது. பம்பை மாட்டுவதற்கு முன் குளோரின் ஊற்றுங்கள். 100 மில்லிமீட்டர் போரில் 30 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 235 லிட்டர். 30 சதவீத பிளீச்சிங் பவுடர் 40 கிராம் போதும். பழைய பாக்கெட்டில் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். வண்டல் இறங்கினால் ஃபில்டர் அடைக்கும். பம்பை மாட்டி ஒரு ராத்திரி விட்டு, காலையில் வாடை போகும்வரை அடித்து வெளியேற்றுங்கள். அந்த ராத்திரி கைப்பிடியைக் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் விடியற்காலையில் யாராவது குடத்தோடு வந்துவிடுவார்கள்.