சுவிட்சர்லாந்து உள்ளே, பிரிட்டன் வெளியே: ஐரோப்பிய விண்வெளி அமைப்புகள் பற்றி ஒரு சந்தேகம்

தஞ்சை மாணவி (கேள்வி)

வணக்கம். எம்.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அண்டை நாடுகள் அரசியலில் நெருங்க நெருங்க அவற்றின் விண்வெளிக் கொள்கையும் ஒன்றாகுமா என்பது எனக்குக் கொடுத்திருக்கும் கருத்தரங்கத் தலைப்பு. ஐரோப்பாவை எடுத்துக்கொண்டேன். முதலில் ஐரோப்பிய ஒன்றியம் வந்தது, அதன் கிளையாக ஐரோப்பிய விண்வெளி முகமை (ஈசா) வந்தது என்று எழுதத் தொடங்கினேன்.

உறுப்பு நாடுகளின் பட்டியலைப் பார்த்ததும் பேனா நின்றுவிட்டது. ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஈசாவில் இருக்கின்றன. ஒன்றியத்தை விட்டுப் போன பிரிட்டனும் இருக்கிறது. ஒன்றியத்தில் இருக்கும் பல்கேரியா ஈசாவில் முழு உறுப்பினர் இல்லை. அப்புறம், ஈசாவில் இருக்கும் அதே பிரிட்டன் கலிலியோ என்ற திசைகாட்டும் செயற்கைக்கோள் திட்டத்தில் இல்லை என்கிறார்கள். இது எப்படி? யார் யாருக்குக் கீழே? தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்புக்காக இந்தியா செய்த செயற்கைக்கோளையும் இதோடு ஒப்பிடலாமா?

வான்நோக்கி

யாரும் யாருக்கும் கீழே இல்லை. ஈசா தனி உடன்படிக்கை. 1975 மே 30 அன்று கையெழுத்தானது. இன்று 23 உறுப்பு நாடுகள், மன்றத்தில் நாட்டுக்கு ஒரு ஓட்டு. ஒன்றியத்தில் 27 நாடுகள். அதற்கென்று பிராகில் தனி விண்வெளி முகமை 2021 முதல் இருக்கிறது. கலிலியோவும், பூமியைப் படம் பிடிக்கும் கோபர்நிக்கஸும் ஒன்றியத்தின் சொத்து. அதைக் கட்டிக் கொடுக்கும் வேலையில் பெரும்பகுதி ஈசாவிடம். வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் உள்ள உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணகுடிக்காரி

தங்கை, வான்நோக்கி சொன்னது சரி. அந்த வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன கம்பெனியில், தெற்கு இங்கிலாந்தில், ஒன்பது வருடம் வேலை பார்த்தவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் எழுதிய வரிசையை அடித்துவிடுங்கள். ராக்கெட்டுக்காக ஐரோப்பிய நாடுகள் சேர்ந்தது 1960களின் தொடக்கத்தில். பிரிட்டன் ப்ளூ ஸ்ட்ரீக் என்ற ஏவுகணையை 1960இல் கைவிட்டது. போட்ட பணம் வீணாகாமல் இருக்க, அதையே ஒரு கூட்டு ராக்கெட்டின் முதல் அடுக்காகத் தர முன்வந்தது. 1961இல், இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான பொதுச் சந்தையில் சேர விண்ணப்பமும் போட்டது. நாங்களும் ஐரோப்பாதான் என்று காட்டிக்கொள்ள அந்த ராக்கெட் உதவும் என்ற கணக்கும் அதில் இருந்தது. எல்டோ என்ற ராக்கெட் அமைப்புக்கான ஒப்பந்தம் 1962இல் கையெழுத்தானது. 1963 ஜனவரியில் பிரான்சின் ஜனாதிபதி டி கோல் பிரிட்டனின் விண்ணப்பத்தைத் தடுத்துவிட்டார். சில வருடங்களில் லண்டனுக்கு அந்த ராக்கெட்டிலும் பிடிப்பு விட்டுப்போய், தன் பங்குப் பணத்தைக் குறைக்கக் கேட்டது.

ராக்கெட்டின் பெயரே யூரோப்பா. முதல் அடுக்கு பிரிட்டன், இரண்டாவது பிரான்ஸ், மூன்றாவது ஜெர்மனி, சோதனைச் செயற்கைக்கோள் இத்தாலி. ஆஸ்திரேலியாவின் வூமெராவிலிருந்து ஏவிப் பார்த்தார்கள். பிரிட்டனின் அடுக்கு ஒழுங்காகவே வேலை செய்தது. கோளாறெல்லாம் அதற்கு மேலே. ஒவ்வொரு அரசும் தன் அடுக்கைத் தன் நாட்டுக் கம்பெனியிடம் கொடுத்துச் செய்து வாங்கியது. மொத்த ராக்கெட்டும் என் பொறுப்பு என்று சொல்ல ஒரு கை இல்லை. கடைசியாக 1971 நவம்பரில் தென் அமெரிக்காவில் இருக்கும் கூரூவிலிருந்து கிளம்பியதும் விழுந்தது. ஒரு செயற்கைக்கோளைக்கூடச் சுற்றுப்பாதையில் விடாமல் 1973இல் திட்டத்தை மூடினார்கள். பெயரில் ஐரோப்பா இருந்தது, செய்முறையில் இல்லை. உங்கள் கட்டுரையில் இந்த ராக்கெட்டுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள் என்பேன்.

சொந்த ராக்கெட் இல்லாததன் விலை உடனே தெரிந்தது. பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து செய்த சிம்ஃபனி என்ற தகவல் தொடர்புச் செயற்கைக்கோளை 1974 டிசம்பரில் அமெரிக்க ராக்கெட்தான் ஏற்றிக்கொண்டு போனது. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கா நிபந்தனை போட்டது. (அந்தச் சிம்ஃபனியைத்தான் 1977 முதல் 79 வரை இஸ்ரோ தன் தகவல் தொடர்புச் சோதனைகளுக்குப் பயன்படுத்தியது.) ஏரியான் என்ற சொந்த ஐரோப்பிய ராக்கெட்டுக்குப் பிரான்ஸ் அவ்வளவு பிடிவாதம் பிடித்ததற்கு இந்த நிபந்தனை ஒரு முக்கியக் காரணம்.

ஈசாவை உருவாக்கியவர்கள் யூரோப்பாவில் பட்டதை மறக்கவில்லை. அறிவியல் திட்டத்துக்கு எல்லா நாடுகளும் வருமானத்துக்கு ஏற்றபடி கட்டாயமாகப் பணம் போட வேண்டும். மற்றவற்றுக்கு விருப்பப்பட்டவர்கள் போடலாம். 1973இல் பேசி முடித்த பங்கீட்டைப் பாருங்கள்: ஏரியானில் பிரான்சுக்குப் பெரும்பங்கு, விண்வெளி ஆய்வுக்கூடத்தில் ஜெர்மனிக்கு, கடல்வழித் தொடர்புச் செயற்கைக்கோளில் பிரிட்டனுக்கு. ஒரு நாடு போடும் பணம் ஏறக்குறைய அதே அளவில் அந்த நாட்டுக் கம்பெனிகளுக்கு வேலையாகத் திரும்பும். நம் ஊரில் மொய் எழுதுவது போலத்தான். திரும்பி வரும் என்று தெரிவதால் தைரியமாக எழுதுகிறோம் இல்லையா? இந்த ஏற்பாட்டுக்குப் பொது நாணயமோ பொது நாடாளுமன்றமோ தேவைப்படவில்லை. அதனால்தான் சுவிட்சர்லாந்து முதல் நாளிலிருந்தே அதில் இருக்கிறது.

சரி, பிறகு ஒன்றியம் எங்கே நுழைந்தது? திசைகாட்டும் செயற்கைக்கோளில். ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்தின் கையில் இருந்தது. ஐரோப்பாவுக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்று தொடங்கியதுதான் கலிலியோ. தனியார் கூட்டணி பணம் போடும் என்று நம்பினார்கள், அது 2007இல் முறிந்தது. மொத்தச் செலவையும் ஒன்றியத்தின் வரவுசெலவுத் திட்டம் ஏற்றது. கலிலியோவில் எல்லாருக்குமான சிக்னலோடு, அரசுகளுக்கு மட்டும் என்று சங்கேதமாக்கிய ஒரு சிக்னலும் உண்டு: காவல்துறை, ராணுவம், எல்லைக் காவல். ஈசாவின் உடன்படிக்கை அமைதிப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று சொல்கிறது. அப்படியானால் அந்தச் சங்கேதத்தின் சாவி யாரிடம் இருக்கும்? சாவி என்றதும் அரசியல் வந்துவிட்டது. 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தம், 189ஆவது பிரிவில், விண்வெளிக் கொள்கை வகுக்கும் அதிகாரத்தை ஒன்றியத்துக்குக் கொடுத்தது. ஒன்றியத்தின் பணத்தில் மொய்க் கணக்கு கிடையாது. திறந்த போட்டிதான், ஆனால் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலைக்கு உறுப்பு நாட்டுக் கம்பெனியாக இருக்க வேண்டும்.

இனி நான் பார்த்தது. கலிலியோ செயற்கைக்கோள்களின் உடல் ஜெர்மனியின் ப்ரெமனில் தயாரானது. சிக்னலை உண்டாக்கும் கருவிப் பகுதி இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில். இந்த மாதிரி வேலைகளில் பல படி கீழே இருந்தது எங்கள் கம்பெனி. நாற்பது பேர். சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் எழுதுவது என் வேலை. கட்டடத்தில் ஓர் அறைக்குத் தனிப் பூட்டு. நான் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்ததால் அதற்குள் எனக்கு அனுமதி இல்லை. அந்த அறை வேலையைப் பார்த்தவர் இருபது வருட அனுபவமுள்ள ஆங்கிலேயர் ஒருவர். நான் கதவு வரை போய்ப் பெட்டியை நீட்டுவேன், அவர் வாங்கிக்கொள்வார். அதில் எனக்கு மனக்குறை இருந்ததில்லை. விதி அப்படி.

2016 ஜூன் 23 அன்று, ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதா என்று பிரிட்டனில் வாக்கெடுப்பு. 2018 தொடக்கத்தில், வெளியேறும் பிரிட்டன் இனி மூன்றாம் நாடு (அதாவது உறுப்பினர் அல்லாத நாடு), அந்தச் சங்கேத சிக்னலின் வேலையில் இடமில்லை என்று ஒன்றியம் தெளிவாக்கியது. எங்களுக்கு மேலே இருந்த கம்பெனி புதிய வேலை தருவதை நிறுத்தியது. ஒரு வாரம் உட்கார்ந்து ஆவணங்களைப் பெட்டியில் போட்டார்கள். உள்ளே என்ன என்று பார்க்காமல் பெட்டி எண்ணை மட்டும் நான் பதிவேட்டில் எழுதினேன். பதினேழு பெட்டிகள். கடைசிப் பெட்டி போனதும் அந்த ஆங்கிலேயர் கதவைச் சாத்திவிட்டு என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் பிறந்த ஊர் அங்கிருந்து அரை மணி நேரப் பயணம். அன்றிலிருந்து அந்த வேலைக்கு அவரும் என்னைப் போல வெளியாள்.

அதே வாரம் பக்கத்து மேசையில் ஈசாவின் அறிவியல் கலம் ஒன்றுக்கான போர்டுகள் எப்போதும்போல நகர்ந்தன. அதே சோல்டரிங் இரும்பு, அதே ஆட்கள். பிரிட்டன் ஈசாவை விட்டுப் போகவில்லை, அதனால் அந்த வேலைக்கு ஒரு நாள்கூடத் தடையில்லை. உங்கள் தலைப்புக்கு என் பதில் அந்த இரண்டு மேசைகள்தான். நட்சத்திரத்தைப் பார்க்கும் வேலைக்குப் பணம் போட்டால் போதும். சாவியைத் தொடும் வேலைக்கு நீ எங்கள் சட்டத்துக்கு உட்பட்டவனா என்று கேட்கிறார்கள்.

தஞ்சை மாணவி

அக்கா, ரொம்ப நன்றி. அந்தப் பதினேழு பெட்டிகளைக் கருத்தரங்கில் சொல்லலாமா? இன்னொன்று: நார்வே ஒன்றியத்திலேயே இல்லையே, அது மட்டும் கலிலியோவில் எப்படி?

மட்டுநகர்

சார்க் பற்றி நான் சொல்கிறேன். 2014 ஜூன் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் பிரதமர் மோடி இஸ்ரோவிடம் சார்க் நாடுகளுக்காக ஒரு செயற்கைக்கோள் செய்யச் சொன்னார். பாகிஸ்தான் விலகியதும் பெயர் தெற்காசியச் செயற்கைக்கோள் என்று மாறியது. 2017 மே 5 அன்று ஏவப்பட்டது. செயற்கைக்கோளின் செலவு 235 கோடி ரூபாய், முழுக்க இந்தியாவுடையது. எங்கள் இலங்கை உட்பட ஆறு அயல் நாடுகள் சேர்ந்தன. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் நாங்கள் ஓட்டுப் போட்டு எதையும் தீர்மானிக்கவில்லை, எங்கள் கம்பெனி ஒன்றும் அதில் ஒரு திருகாணிகூடச் செய்யவில்லை. ஒருவர் கொடுத்தார், மற்றவர்கள் பெற்றுக்கொண்டோம். 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு சார்க் தலைவர்கள் கூடவே இல்லை. அதனால் அடுத்தது எப்போது என்று கேட்க ஒரு மேசையும் இல்லை. ஒப்பிடுங்கள், ஆனால் ஈசாவோடு அல்ல. பங்கு போட்டுச் செய்ததையும் அன்பளிப்பாக வந்ததையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பணகுடிக்காரி

மட்டுநகர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் தங்கை. நான் அதில் சேர்க்க ஒன்றுமில்லை.

நார்வே ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்குள் இருக்கிறது, தன் பங்கைப் பணமாகக் கட்டுகிறது, விதிகளை ஏற்கிறது. கலிலியோவின் தரை நிலையங்களுக்கு ஸ்வால்பார்டு போன்ற வடகோடி நிலமும் அதனிடம்தான். சுவிட்சர்லாந்தும் தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. மூன்றாம் நாடு பேசி முடித்தால் சங்கேத சிக்னலைப் பயன்படுத்தக்கூட வழி உண்டு. பிரிட்டன் கேட்டது அதற்கு மேலே: வடிவமைக்கும் இடத்திலும் தன் கம்பெனிகள் தொடர வேண்டும் என்றது. உறுப்பு நாடாக இருந்தபோது இந்த விதிகளை வகுத்தவர்களில் பிரிட்டனும் ஒன்று.

பிறகு நடந்ததையும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் ஸ்வான்விக்கில் இருந்த, கலிலியோவின் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தின் மாற்று நிலையம் மாட்ரிட் பக்கம் போனது. தனியாக ஒரு கலிலியோ செய்ய முடியுமா என்று ஆராய லண்டன் 2018இல் 9.2 கோடி பவுண்டு ஒதுக்கி, 2020இல் அந்த யோசனையைக் கைவிட்டது. அதே வருடம் இந்தியாவின் பார்தி குழுமத்தோடு சேர்ந்து ஒன்வெப் நிறுவனத்தில் 50 கோடி டாலர் போட்டது. அது இணையத்துக்கான செயற்கைக்கோள் கூட்டம், திசைகாட்ட அல்ல. 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு ரஷ்ய ராக்கெட் கிடைக்காமல் போனதும், ஒன்வெப்பின் 72 செயற்கைக்கோள்கள் இரண்டு தடவையாக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் போயின.

எனக்கு மனது கேட்காதது 2021 ஜூன் 25. விமானங்கள் மோசமான வானிலையில் இறங்க உதவும் ஈக்னாஸ் என்ற துல்லியச் சேவை ஒன்றியத்துடையது. அன்றோடு பிரிட்டிஷ் விமான நிலையங்களுக்கு அந்த உத்தரவாதம் முடிந்தது. சிக்னல் இன்றும் அந்த ஊர்களின் மேல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் அதை நம்பி விமானத்தை இறக்கக் கையெழுத்துப் போட ஆள் இல்லை. சிறு தீவுகளுக்குப் போகும் விமானங்கள் மூடுபனியில் ரத்தாகும்போதெல்லாம் எனக்கு அந்தத் தேதி ஞாபகம் வரும். கோபர்நிக்கஸில் மட்டும் பிரிட்டன் 2024 தொடக்கத்தில் திரும்பச் சேர்ந்துவிட்டது. அது பூமியைப் படம் பிடிக்கும் திட்டம், அதில் சாவி இல்லை.

ஈசாவும் இப்போது மாறுகிறது. 2025 நவம்பரில் ப்ரெமனில் கூடிய அமைச்சர்கள் பாதுகாப்புத் தேவைக்கும் உதவும் ஒரு திட்டத்தை அங்கேயே ஏற்றார்கள். என் இரண்டு மேசைகளுக்கும் நடுவே இருந்த இடைவெளி இனி எவ்வளவு நாள் அப்படியே இருக்கும் என்பது உங்கள் கருத்தரங்கில் எழுப்ப வேண்டிய நல்ல கேள்வி.

பெட்டிகளைத் தாராளமாகச் சொல்லுங்கள், கம்பெனியின் ஊர் மட்டும் வேண்டாம். பணகுடி என்று ஏன் பெயர் வைத்தேன் என்றால், எங்கள் ஊர்ப் பக்கத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ தன் விகாஸ் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும்போது சின்ன வயதில் எங்கள் வீட்டு ஜன்னல் அதிரும். அது ஏரியானின் வைக்கிங் எஞ்சினோடு பிறந்தது. 1974இல் போட்ட ஒப்பந்தத்தின்படி நம் பொறியாளர்கள் பிரான்சுக்குப் போய் அந்த எஞ்சின் வேலையில் சேர்ந்து கற்று வந்தார்கள். அப்போது அவர்களுக்கு அந்தப் பட்டறையின் கதவு திறந்திருந்தது.