கம்யூனிட்டி காலேஜ்: கலிஃபோர்னியா வந்து ஒரு வருடம் ஆகாதவர்களுக்கு எந்த உதவி எப்போது கிடைக்கும்?

கேள்வி: மிஷன்பீக்_வாசி

என் அண்ணன் குடும்பம் க்ரீன் கார்டில் இந்த வருடம் ஜனவரி 11 அன்று ஃப்ரீமாண்ட் வந்தது. மகளுக்கு 18 வயது. விருதுநகரில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ, பயோ-மேத்ஸ் குரூப். கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) சேர்ந்து, பிறகு யு.சி. டேவிஸுக்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம்) பயாலஜி படிக்க மாற வேண்டும் என்பது திட்டம். இடது காதில் கேட்கும் திறன் குறைவு, ஹியரிங் எய்டு போட்டிருக்கிறாள். அண்ணி பி.காம்., ஏதாவது ஒரு சான்றிதழ் படித்து வேலைக்குப் போக நினைக்கிறார்.

கம்யூனிட்டி காலேஜ் இலவசம் என்கிறார் ஒருவர், ஒரு வருடம் முடியாமல் கிட்டவே போகாதீர்கள் என்கிறார் இன்னொருவர். ஆகஸ்டில் சேர்வதா, காத்திருப்பதா? ஃபாஃப்சா (மத்திய அரசு நிதி உதவிக்கான விண்ணப்பம்) இப்போதே போடலாமா? இங்கிலீஷ், கணக்குக்கு நுழைவுத் தேர்வு உண்டா? இ.ஓ.பி.எஸ். என்று ஒன்று சொல்கிறார்களே, அது யாருக்கு?

பதில் 1: ரெசிடென்சி_மேசை

உங்களுக்குச் சொன்ன இருவருமே பாதி சரி. காலேஜில் சேர எந்தத் தடையும் இல்லை. 18 வயது ஆகியிருந்தாலோ பள்ளிப் படிப்பு முடிந்திருந்தாலோ சேர்த்துக்கொள்வார்கள், மார்க் கேட்க மாட்டார்கள். கட்டணத்தில்தான் வித்தியாசம். கலிஃபோர்னியாவாசிக்கு யூனிட்டுக்கு (பாடச் சுமையின் அளவு) 46 டாலர், ஆக 12 யூனிட்டுக்கு 552. நான்-ரெசிடென்ட் என்றால் அந்த 46-க்கு மேல், பெரும்பாலான காலேஜ்களில் யூனிட்டுக்கு இன்னும் 300 டாலருக்கு மேல் வரும். 300 என்றே வைத்தாலும் ஒரு செமஸ்டருக்கு 4,152.

ரெசிடென்ட் ஆவதற்கு, டெர்ம் தொடங்கும் நாளுக்கு முந்தைய நாளில் இங்கே வந்து ஒரு வருடமும் ஒரு நாளும் ஆகியிருக்க வேண்டும். உங்கள் கணக்கில் அது அடுத்த ஜனவரி 12. ஆகஸ்ட் ஃபாலுக்கு வாய்ப்பில்லை. ஜனவரி கடைசியில் ஸ்பிரிங் தொடங்கும் செமஸ்டர் காலேஜ் என்றால் சரியாகப் பொருந்தும். டி ஆன்சா, ஃபுட்ஹில் மாதிரி குவார்ட்டர் காலேஜ்களில் விண்டர் ஜனவரி முதல் வாரமே தொடங்கிவிடும். அங்கே சில நாள் வித்தியாசத்தில் தவறவிட்டு ஏப்ரல் வரை காத்திருக்க நேரும். எனவே காலேஜைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் அகாடமிக் காலண்டரைப் பாருங்கள்.

நாள் கணக்கு மட்டும் போதாது, இங்கேயே தங்கும் எண்ணம் இருந்ததற்குக் காகிதமும் வேண்டும். வீட்டு லீஸ், டி.எம்.வி. ஐ.டி. (மாநில வாகனத் துறை தரும் அடையாள அட்டை), வங்கிக் கணக்கு, கார் ரெஜிஸ்ட்ரேஷன், மாநில வரித் தாக்கல் எல்லாம் செல்லும். வந்தது ஜனவரியாக இருந்தும் எல்லாக் காகிதமும் ஜூன் தேதியில் இருந்தால், கிளார்க் ஜூனிலிருந்துதான் எண்ணுவார். மகளுக்கு இப்போதுதான் 18 என்பதால் பெற்றோரின் காகிதங்களையும் கேட்பார்கள். சொந்தக்காரர் வீட்டில் லீஸ் இல்லாமல் தங்கியிருக்கும் குடும்பங்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. அப்படியென்றால் டி.எம்.வி. ஐ.டி.யையும் வங்கிக் கணக்கையும் இந்த வாரமே முடியுங்கள்.

காலேஜில் சேரும் விண்ணப்பம் சி.சி.சி. அப்ளை என்ற பொதுத் தளத்தில், இலவசம். காசு கேட்கும் தளம் எதுவும் அதுவல்ல. மூன்று இடங்களில் தடுக்கும்.

பெயர்: பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லாமல் வந்தவர்களுக்கு க்ரீன் கார்டில் ஒரு மாதிரி, சோஷியல் செக்யூரிட்டி கார்டில் இன்னொரு மாதிரி இருப்பதுண்டு. இனிஷியலை ஒரு இடத்தில் விரித்து, இன்னொரு இடத்தில் சுருக்கி எழுதினால் ஃபாஃப்சாவும் காலேஜ் ரெக்கார்டும் ஒன்றோடொன்று சேராது. எல்லாவற்றிலும் சோஷியல் செக்யூரிட்டி கார்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே போடுங்கள். கார்டிலேயே தவறு இருந்தால் அதை முதலில் திருத்துங்கள்.

டெர்ம்: ஸ்பிரிங்கில் சேரப் போகிறவர் ஃபால் என்று தேர்ந்தெடுத்தால் நான்-ரெசிடென்ட் என்று பதிவாகும். ஜனவரியில் அது தானாக மாறாது. ரீகிளாசிஃபிகேஷன் படிவம் போட்டு, ஆதாரங்களையும் கொடுக்க வேண்டும்.

மோசடி வடிகட்டி: நிதி உதவியைக் குறிவைத்துப் போலி விண்ணப்பங்கள் குவிவதால், உண்மையான மாணவரின் விண்ணப்பமும் சில சமயம் நிறுத்தி வைக்கப்படும். ஐ.டி. காட்டச் சொல்லி மெயில் வரும், அது ஸ்பாம் பெட்டியில் கிடக்கும். ஒரு வாரத்தில் மாணவர் எண் வரவில்லை என்றால் அட்மிஷன்ஸ் கவுன்ட்டருக்கு க்ரீன் கார்டோடு நேரில் போங்கள்.

பதில் 2: பெல்_கணக்கு

ஃபாஃப்சா இப்போதே போடலாம். பெல் கிரான்ட் மத்திய அரசுப் பணம், அதற்கு மாநில ரெசிடென்சி தேவையில்லை, க்ரீன் கார்டு போதும். ஆனால் அதை நம்பி ஆகஸ்டில் சேராதீர்கள். 2025-26-க்கு அதிகபட்ச பெல் 7,395 டாலர், அதாவது ஒரு செமஸ்டருக்கு 3,697 சொச்சம். மேலே சொன்ன 4,152-க்கே அது போதவில்லை. அதே பெல் ஜனவரியில் வந்தால், கட்டணம் தள்ளுபடியாகி, கிட்டத்தட்ட முழுப் பணமும் புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கையில் நிற்கும். தவிர பெல்லுக்கு ஆயுள் வரம்பு உண்டு: முழுநேரக் கணக்கில் 12 செமஸ்டர். நான்-ரெசிடென்ட் கட்டணத்துக்காக அதில் ஒன்றைச் செலவழிப்பது வீண்.

படிவத்தில் கேட்கப்படும் வருமானம் இரண்டு வருடத்துக்கு முந்தையது, அதாவது இந்தியச் சம்பளம். அதை டாலராக மாற்றிப் போட வேண்டும். அமெரிக்க வரித் தாக்கல் இல்லையே என்று வரி விவரங்களைப் பார்க்க அனுமதி தரும் பெற்றோர் ஒப்புதல் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கேதான் பெரும்பாலானவை முடங்குகின்றன. வரி கட்டாதவராக இருந்தாலும் ஒப்புதல் கட்டாயம். இருவரும் சேர்ந்து இங்கே வரித் தாக்கல் செய்திருக்கவில்லை என்பதால் அண்ணன், அண்ணி இருவருமே தனித்தனிக் கணக்கு தொடங்கிக் கையெழுத்திட வேண்டும். ஒரே மெயில் முகவரியில் இரண்டு கணக்கு தொடங்க முடியாது.

'இலவசம்' என்று கேள்விப்பட்டது கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிரான்ட்டாக இருக்கும். வருமான அடிப்படையில் அந்த 46 டாலரைத் தள்ளுபடி செய்வது அது. ரெசிடென்ட் ஆன பிறகுதான் கிடைக்கும். ஹெல்த் ஃபீ, பார்க்கிங், புத்தகம் இதில் சேராது. வகுப்பு அட்டவணையில் புத்தகச் செலவு இல்லாத செக்‌ஷன்களுக்குத் தனிக் குறி இருக்கும், அவற்றைத் தேடி எடுங்கள்.

பணம் வந்த பிறகு கவனிக்க வேண்டியது: எடுத்த யூனிட்டில் 67 சதவீதம் முடிக்க வேண்டும், ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண்) 2.0-க்குக் கீழே போகக் கூடாது. வகுப்பைப் பாதியில் விட்டால் மார்க்குக்குப் பதில் வரும் 'டபிள்யூ' குறி, ஜி.பி.ஏ.வைத் தொடாது, ஆனால் இந்த 67-ஐத் தொடும். டெர்மில் 60 சதவீதம் கடக்கும் முன் எல்லா வகுப்பையும் விட்டுவிட்டால் பெல்லில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். கட்டாமல் விட்டால் அடுத்த நிதி உதவி நின்றுவிடும்.

அண்ணிக்கு பெல் கிடைப்பது சந்தேகம். பேச்சிலர் டிகிரி முடித்தவர்களுக்கு அது பொதுவாகக் கிடையாது, வெளிநாட்டு பி.காம். அதற்கு இணையா என்பதைக் காலேஜ்தான் முடிவு செய்யும். படிவத்தில் டிகிரி இல்லை என்று போடச் சொல்லும் 'ஆலோசகர்கள்' இருக்கிறார்கள். அது பொய்த் தகவல், மாட்டினால் வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டிவரும். ஒரு வருடம் ஆன பிறகு கட்டணத் தள்ளுபடிக்கு அவரும் விண்ணப்பிக்கலாம், டிகிரி அதற்குத் தடையில்லை.

மிஷன்பீக்_வாசி: மிக்க நன்றி. அப்படியானால் ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை வீட்டில் சும்மா இருப்பதா? இ.ஓ.பி.எஸ். ஜனவரிக்கே கிடைக்குமா?

பதில் 3: கவுன்சிலிங்_ஜன்னல்

சும்மா இருக்க வேண்டாம். நான்-கிரெடிட் இ.எஸ்.எல். வகுப்புகளுக்கு (இங்கிலீஷ் தாய்மொழி அல்லாதவர்களுக்கான, யூனிட் கணக்கில் வராத இங்கிலீஷ் வகுப்பு) கட்டணமே இல்லை, ரெசிடென்சியும் பார்ப்பதில்லை. தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவருக்கு அந்த ஐந்து மாதம் நல்ல முதலீடு. பக்கத்து அடல்ட் ஸ்கூலிலும் இருக்கும்.

நீங்கள் கேட்காமல் விட்ட டி.எஸ்.பி.எஸ்.ஸிலிருந்து தொடங்குகிறேன். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான அலுவலகம் அது. வருமான வரம்பு இல்லை, ரெசிடென்சி நிபந்தனையும் இல்லை. தேவையானது ஆடியோகிராமும், வகுப்பில் எது சிரமம் என்று ஆடியாலஜிஸ்ட் எழுதிய குறிப்பும். இந்திய அடையாள அட்டை மட்டும் போதாது. வீடியோக்களுக்கு கேப்ஷன், நேரடி வகுப்பில் பேச்சை எழுத்தாக்கும் வசதி, குறிப்பெடுக்க உதவி, தேவைப்பட்டால் தேர்வுக்குக் கூடுதல் நேரம் தருவார்கள். பேராசிரியருக்குப் போகும் கடிதத்தில் என்ன வசதி வேண்டும் என்பது மட்டும் இருக்கும், காரணம் இருக்காது. ஆனால் மாணவியே போய்க் கேட்டால்தான் உண்டு, காலேஜ் தேடி வராது. ஒவ்வொரு செமஸ்டரும் கடிதத்தைப் புதுப்பிக்கவும் வேண்டும். நேரடி எழுத்து வசதிக்கு ஆள் ஏற்பாடு செய்ய நாள் பிடிக்கும். வகுப்பு தொடங்கிய பிறகு போனால் முதல் சில வாரம் அது இல்லாமலே ஓடிவிடும்.

டி.எஸ்.பி.எஸ். மாணவர்களுக்கு முன்னுரிமை ரெஜிஸ்ட்ரேஷன் கிடைக்கும். பயாலஜிக்கு இதன் மதிப்பை இப்படிப் பாருங்கள். ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு, அதன் பிறகு ஆர்கானிக் இரண்டு, ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. ஆக நான்கு செமஸ்டர் சங்கிலி. முதல் கெமிஸ்ட்ரியில் லேப் இருக்கைகள் குறைவு, முதலில் நிரம்புவதே அதுதான். ஜனவரியில் அது கிடைக்காமல் போனால் டேவிஸுக்கு மாறும் வருடமே தள்ளிப்போகலாம். சில காலேஜ்களில் முதல் கெமிஸ்ட்ரிக்கு முன் ஒரு தயாரிப்பு வகுப்போ தேர்வோ கேட்பார்கள், அதை இப்போதே விசாரியுங்கள். பிளஸ் டூ மார்க் ஷீட்டை அதற்குக் காட்டலாம். 'பிரீரெக்விசிட் கிளியரன்ஸ்' படிவத்தோடு கொடுக்க வேண்டும், ரெஜிஸ்ட்ரேஷன் நாளுக்குப் பல வாரம் முன்பே. கணினி அன்றைக்குத் தடுத்தால் கவுன்சிலரால் உடனே திறக்க முடியாது.

இ.ஓ.பி.எஸ். (வருமானத்திலும் கல்விச் சூழலிலும் பின்தங்கிய மாணவர்களுக்கான உதவித் திட்டம்): ரெசிடென்ட் ஆக வேண்டும், கட்டணத் தள்ளுபடிக்குத் தகுதி வேண்டும், சேரும்போது 12 யூனிட் எடுத்திருக்க வேண்டும், 70 யூனிட்டுக்குள் முடித்தவராக இருக்க வேண்டும். கூடவே கல்வியில் பின்தங்கிய சூழல் என்ற நிபந்தனையும் உண்டு. அதைப் பார்த்து, 'நம் பெண் நல்ல மார்க் ஆச்சே' என்று பலர் விண்ணப்பிப்பதே இல்லை. வீட்டில் பெற்றோரின் தாய்மொழி இங்கிலீஷ் இல்லை என்பதும் அந்தப் பட்டியலில் ஒரு காரணம்தான். புத்தகத்துக்கு உதவி, தனிக் கவுன்சிலர், முன்னுரிமை ரெஜிஸ்ட்ரேஷன் இதில் வரும். பதிலுக்கு செமஸ்டருக்கு மூன்று முறை கவுன்சிலரைப் பார்க்க வேண்டும், தவறினால் நீக்குவார்கள். இடம் குறைவு, ஸ்பிரிங் விண்ணப்பம் திறந்த அன்றே போடுங்கள்.

நுழைவுத் தேர்வு இல்லை. 2017-ல் வந்த ஏ.பி. 705 சட்டத்துக்குப் பிறகு அமெரிக்க ஹைஸ்கூல் மார்க்கை வைத்தே இடம் தருகிறார்கள். அது இல்லாதவர்களுக்கு ஒரு வழிகாட்டிக் கேள்வித்தாள்: மாதிரிப் பத்திகளைப் படித்து, எந்த வகுப்பு தனக்குச் சரி என்று மாணவியே சொல்ல வேண்டும். வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து விடை சொல்லாதீர்கள். கௌரவத்துக்காக நேராக இங்கிலீஷ் சி1000 (காலேஜ் அளவிலான முதல் இங்கிலீஷ் வகுப்பு) எடுத்து எஃப் வாங்கினால் யு.சி. கணக்கில் அந்த ஜி.பி.ஏ. இழுக்கும். பயந்து அடிமட்ட இ.எஸ்.எல். எடுத்தால் மூன்று நான்கு செமஸ்டர் போகும். பல காலேஜ்களில் கூடுதல் உதவி வகுப்போடு சேர்ந்த இங்கிலீஷ் இருக்கிறது. நான்-கிரெடிட் இ.எஸ்.எல். ஆசிரியரிடமே கேளுங்கள், ஐந்து மாதம் எழுத்தைப் பார்த்தவர் சொல்வது கேள்வித்தாளைவிட மேல்.

ஓரியன்டேஷன், பிளேஸ்மென்ட், எஜுகேஷன் பிளான் மூன்றையும் முடித்தால்தான் புது மாணவர் வரிசையில் நல்ல ரெஜிஸ்ட்ரேஷன் தேதி வரும். ஓரியன்டேஷன் ஆன்லைனில் முடிந்துவிடும். பிளானுக்கு கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது அசிஸ்ட் தளத்தில் அந்தக் காலேஜ்–டேவிஸ் பயாலஜி ஒப்பந்தத்தை (இங்கே எடுக்கும் எந்த வகுப்பு அங்கே எதற்குச் செல்லும் என்ற பட்டியல்) அச்செடுத்துக் கொண்டு போகச் சொல்லுங்கள். அரை மணி நேர அப்பாயின்ட்மென்ட்டில் அதைத் தேடுவதிலேயே பத்து நிமிடம் போகும். டேவிஸ் 'டேக்' (நிபந்தனைகளை முடித்தால் இடம் உறுதி என்ற ஒப்பந்தம்) தரும் ஆறு யு.சி. வளாகங்களில் ஒன்று, சேரும் வருடத்துக்கு முந்தைய செப்டம்பர் 1 முதல் 30-க்குள் போட வேண்டும். ஒரு வளாகத்துக்கு மட்டுமே போடலாம். டேக் போட்டாலும் யு.சி. விண்ணப்பம் தனியாகப் போட்டாக வேண்டும், இதை மறந்து வாய்ப்பை இழக்கிறவர்கள் உண்டு.

கடைசியாக அண்ணனிடம் சொல்லுங்கள்: காலேஜுக்கு போன் செய்து மகளின் மார்க்கைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். ஃபெர்பா என்ற மாணவர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அந்த உரிமை மாணவிக்குத்தான், கட்டணம் யார் கட்டினாலும். மகள் எழுத்தில் ஒப்புதல் தந்தால் பேசுவார்கள்.

பதில் 4: சான்றிதழ்_வழி

அண்ணிக்கு இரண்டு வரி. குழந்தைகளோடு வேலை பார்க்க விருப்பம் இருந்தால் ஏர்லி சைல்டுஹுட் எஜுகேஷனில் 12 யூனிட்டும் 50 நாள் பணி அனுபவமும் இருந்தால் அசோசியேட் டீச்சர் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ரெசிடென்ட் கட்டணத்தில் 552 டாலர், தள்ளுபடி கிடைத்தால் அதுவும் இல்லை. இதற்கு பி.காம். மதிப்பீடு தேவையில்லை. அக்கவுன்டிங் பக்கம் போவதானால் மட்டும் நேசஸ் (வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனங்களின் சங்கம்) உறுப்பு நிறுவனம் ஒன்றில் பாடவாரி மதிப்பீடு செய்யுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து சீல் வைத்த டிரான்ஸ்கிரிப்ட் வர மாதங்கள் ஆகும் என்பதால், ஊரில் யாராவது நேரில் போய் விண்ணப்பிக்க முடிந்தால் இப்போதே போகச் சொல்லுங்கள்.

மிஷன்பீக்_வாசி: ஆடியோகிராம் இந்தியாவில் எடுத்தது இருக்கிறது, 2 வருடம் பழையது. செல்லுமா?

கவுன்சிலிங்_ஜன்னல்: அதைக் கொண்டுபோய் முதல் சந்திப்புக்குப் பதிவு செய்யுங்கள், காகிதம் புதிதாக வரும்வரை தற்காலிக வசதி தர முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். ஹியரிங் எய்டு மாற்றியிருந்தால் புது அளவீடு எடுத்துவிடுவது நல்லது.