கலைச்சொல் தேவை: "ஜூல் தீஃப்" (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

மடல் 1: கையேட்டுத் தொகுப்பாளர்

குழுவினருக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஒரு பாடம்: ரிமோட்டிலிருந்தும் சுவர்க் கடிகாரத்திலிருந்தும் கழற்றிப் போட்ட ஒற்றை 'ஏஏ' செல்லை வைத்து வெள்ளை எல்இடி எரியும் கைவிளக்கு செய்வது. ஆங்கிலத்தில் இந்த மின்சுற்றை 'ஜூல் தீஃப்' என்கிறார்கள். ஜூல் என்பது ஆற்றலின் அலகு, தீஃப் என்றால் திருடன். தலைப்புக்கும் படத்துக்கும் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். இப்போதைக்கு 'ஜூல் திருடன்' என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

பாடத்தின் செய்முறைப் பகுதி இது:

"12 மி.மீ. அளவுள்ள ஃபெரைட் வளையம் ஒன்று. பச்சை, சிவப்பு என இரண்டு மெல்லிய உறையிட்ட கம்பிகள், ஒவ்வொன்றும் 60 செ.மீ. இரண்டையும் சேர்த்துப் பிடித்து வளையத்தில் 15 சுற்று சுற்றவும். பச்சையின் தொடக்கத்தையும் சிவப்பின் முடிவையும் முறுக்கிச் சேர்த்துச் செல்லின் நேர்முனையில் இணைக்கவும். மீதமுள்ள சிவப்பு முனை 1 கிலோ ஓம் மின்தடை வழியாக டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கு (பேஸ்). மீதமுள்ள பச்சை முனை ஏற்பானுக்கு (கலெக்டர்). எல்இடியின் நீண்ட கால் ஏற்பானுக்கு, குட்டைக் கால் உமிழ்ப்பானுக்கு (எமிட்டர்). உமிழ்ப்பான் செல்லின் எதிர்முனைக்கு. டிரான்சிஸ்டர் பிசி547: தட்டையான முகம் நம்மைப் பார்த்திருக்க, இடமிருந்து வலமாக ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான்."

மடல் 2: தமிழாசிரியர் (பணி நிறைவு)

'திருடன்' வேண்டாம் ஐயா. 'கள்வன்' இருக்கும்போது திருடன் எதற்கு? மின்கள்வன் என்று வையுங்கள், ஆறே எழுத்து. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'கள்' என்னும் வேருக்கு மறைதல் என்பதே முதற்பொருள் என்பது என் துணிபு. களவு என்பதும் அப்படியே. களவியலில் வரும் களவு குற்றமன்று, ஊரறியாமல் நடக்கும் காதல். இந்தச் சுற்றிலும் ஆற்றல் நம் கண்ணுக்குத் தெரியாமல் சுருளுக்குள் போய்த் தேங்கி வெளியே வருகிறது. பொருத்தம் தானே வந்து உட்காருகிறது.

அடுத்தது 'ஜூல்'. வடவெழுத்து ஒரீஇ (நீக்கி) எழுதுவதானால் 'சூல்' என்றாக வேண்டும்.

மடல் 3: இயற்பியல் ஆசிரியை

ஐயா, 'சூல் கள்வன்' என்று பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது. சூல் என்றால் கரு. உயிரியல் பாடத்தில் சூலகம் படித்துவிட்டு இங்கே வருவார்கள்.

'மின்கள்வன்', 'மின்திருடன்' இரண்டிலும் வேறொரு சிக்கல் இருக்கிறது. மின்திருட்டு என்பது ஏற்கெனவே நடப்பில் இருக்கும் சொல். கம்பியில் கொக்கி போடுவதற்குப் பெயர் அது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவே அதைப் பற்றியதுதான். பள்ளிக் கையேட்டில் 'மின்கள்வன் செய்வது எப்படி' என்று தலைப்பு வந்தால் பெற்றோர் என்ன நினைப்பார்கள்?

ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது என்றும் பார்க்க வேண்டும். 1999 நவம்பரில் பிரிட்டனின் மின்னணு இதழ் ஒன்றில் கபார்னிக் என்பவர் ஒரே வோல்ட்டில் எல்இடி எரியும் சுற்றை வெளியிட்டார். அப்போது இந்தப் பெயர் இல்லை. 2002இல் கிளைவ் மிட்செல் அதைச் சற்றே மாற்றி அமைத்து இப்பெயரைச் சூட்டினார். ஆங்கிலத்தில் நகைத் திருடனுக்கான சொல்லும் இதுவும் ஏறக்குறைய ஒரே ஒலி. அந்தச் சிலேடைக்காகத்தான் திருடன் வந்தான். தமிழில் சிலேடை உதிர்ந்துவிடுகிறது, திருடன் மட்டும் காரணமில்லாமல் மிஞ்சுகிறான்.

அறிவியலும் பிசகுகிறது. இங்கே எதுவும் களவு போகவில்லை. புதிய அல்கலைன் 'ஏஏ' செல்லில் சுமார் 10,000 ஜூல் ஆற்றல் உண்டு. அதில் பத்தில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே கருவி நின்றுவிட்டால் நாம் செல்லைக் குப்பையில் போடுகிறோம். வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் வேண்டும், செல்லில் இருப்பதோ 1 வோல்ட். ஆற்றல் இருக்கிறது, அழுத்தம்தான் போதவில்லை. அந்த 1,000 ஜூலை 0.1 வாட் வீதம் எடுத்தால் 10,000 நொடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரம் விளக்கு எரியும். ஆகவே பெயர் 'மிச்சம்' என்பதைச் சொல்ல வேண்டும், அல்லது 'ஏற்றுவது' என்பதைச் சொல்ல வேண்டும்.

மடல் 4: தமிழாசிரியர்

அம்மா சொன்ன மிச்சம் என்பதைப் பிடித்துக்கொள்கிறேன். வள்ளுவர் சொல் இருக்கிறது: 'விருந்தோம்பி மிச்சில் மிசைவான் புலம்' (குறள் 85). மிச்சில் என்றால் பிறர் உண்டு முடித்தபின் எஞ்சியது. ரிமோட் உண்டு முடித்த பின் எஞ்சியதை இந்த விளக்கு மிசைகிறது. மிச்சில் + உறிஞ்சி = மிச்சிலுறிஞ்சி. துருவி, மண்வெட்டி போல இகர விகுதி பெற்ற கருவிப்பெயர்.

கள்வனைக் கைவிடுவதற்கு எனக்கும் ஒரு காரணம் கிடைத்தது. ஐங்குறுநூற்றில் 'கள்வன் பத்து' என்று ஒரு பகுதி. அங்கே கள்வன் என்றால் நண்டு. பத்துப் பாட்டிலும் நண்டுதான் வருகிறது. அந்த நண்டு எப்படிக் கள்வனாயிற்று என்பதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

மடல் 5: மின்னணுப் பழுதுநீக்குபவர்

வணக்கம். பெயரை நீங்கள் முடிவு செய்யுங்கள். செய்முறையில் விட்டுப்போனவற்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வகுப்பில் பாதி விளக்கு எரியாது.

முதலாவது, ஃபெரைட் ரிங் தேடி அலைய வேண்டாம். பழுதான சிஎஃப்எல் பல்பின் அடிப்பலகையில் சின்னக் கறுப்பு ரிங் இருக்கும். ஆனால் அந்தப் பல்பைப் பிள்ளைகள் திறக்கக் கூடாது. குழலில் பாதரசம் உண்டு, பலகையில் உள்ள பெரிய கெபாசிட்டர் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆசிரியரே முன்கூட்டி எடுத்துவைக்கட்டும். கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் வரும் மஞ்சள் பூச்சு ரிங் வேண்டாம். அது இரும்புத்தூள். 15 சுற்றுக்குப் போதிய தூண்டல் தராது.

இரண்டாவது, எனாமல் கம்பியானால் நுனியை உப்புத்தாளால் செம்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். எரியாத பத்தில் பெரும்பாலானவை இங்கேதான் மாட்டும். தேய்த்தும் எரியவில்லையா, சிவப்புக் கம்பியின் இரண்டு முனைகளையும் இடம் மாற்றுங்கள். சுருளின் திசை மாறிவிட்டால் பின்னூட்டம் எதிராகப் போய் டிரான்சிஸ்டர் அலைவே தொடங்காது.

மூன்றாவது, எல்இடியைக் கழற்றிவிட்டு செல்லைப் போடக் கூடாது. சுருள் எக்கும் அழுத்தத்துக்குப் போக வழியில்லை, டிரான்சிஸ்டர் மீதே அடிக்கும். பிசி547 தாங்குவது 45 வோல்ட்.

கேள்வி ஒன்று. '15 சுற்று சுற்றிச் சுற்றை இணைக்கவும்' என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறதே, எந்தச் சுற்று எது? நாங்கள் காயில் கட்டும்போது 'டர்ன்' என்போம்.

மடல் 6: தமிழாசிரியர்

கம்பி வளையத்தைப் 'புரி' என்று சொல்லலாமே. 15 புரி. நூலுக்குப் புரி உண்டல்லவா?

மடல் 7: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு விரிவுரையாளர்

ஐயா, முப்புரி நூலில் மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கப்படுகின்றன. புரி என்பது இழையின் எண்ணிக்கை. இங்கே இரண்டு கம்பிகள் இருப்பதால் '15 புரி' என்றால் பதினைந்து கம்பிகள் என்றே விளங்கும். மின்சுற்று, சுற்று என்று பிரித்து எழுதுவது போதும்.

எங்கள் பாடநூல்களில் ஜூல் இல்லை, யூல். எல்இடியை 'ஒளிகாலும் இருவாயி' என்கிறோம். காலுதல் என்றால் வெளிவிடுதல். திரான்சிற்றர் என்பதை அப்படியே வைத்திருக்கிறோம். ஆகவே எல்லாம் தூய தமிழில்தான் என்ற விதியும் இல்லை, எல்லாம் ஒலிபெயர்ப்பு என்ற விதியும் இல்லை. பிள்ளைக்குப் பொருள் தேவைப்படும் இடத்தில் தமிழ், கடையில் கேட்டு வாங்கும் இடத்தில் கடைச்சொல்.

மிச்சிலுறிஞ்சியில் எனக்கு ஒரு குறை. உறிஞ்சுதல் தொடர்ச்சியான செயல். இச்சுற்று அப்படி இயங்குவதில்லை. மின்னோட்டம் பச்சைச் சுருளில் கூடக்கூட வளையத்தில் காந்தப்புலம் கூடுகிறது. சிவப்புச் சுருள் அதை அடிவாய்க்குத் திருப்பிக் கொடுத்து இன்னும் கூட்டுகிறது. ஓர் எல்லையில் மேலே கூட முடியாமல் டிரான்சிஸ்டர் மூடிக்கொள்கிறது. தேங்கிய புலம் சரியும்போது எழும் அழுத்தம் மின்கலத்தின் அழுத்தத்தோடு சேர்ந்து இருவாயியைத் தாண்டிப் பாய்கிறது. பிறகு மறுபடி முதலிலிருந்து, நொடிக்குப் பல்லாயிரம் முறை. கண்ணுக்கு அது இடையறாத ஒளி.

இது கிணற்றடி ஏற்றம். நீர் உண்டு, ஆனால் வாய்க்கால் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. சால் (நீர் முகக்கும் கலன்) இறங்கி, நிரம்பி, மேலேறி, கவிழ்கிறது. சாலுக்குச் சால் இடைவெளி இருந்தாலும் வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. 'இறைவைப் பாசனம்' என்ற சொல் இன்றும் வழக்கில் உண்டு. மிச்சில் + இறைவை = மிச்சிலிறைவை. 'மின்னிறைவை' என்றால் பம்புசெட் என்று நினைப்பார்கள், ஆகவே மிச்சில் அவசியம்.

மடல் 8: இயற்பியல் ஆசிரியை

ஏற்றம் உவமையை அப்படியே பாடத்தில் சேர்க்கச் சொல்கிறேன். சால் ஒவ்வொன்றும் ஒரு துடிப்பு. மல்டிமீட்டரை எல்இடியின் குறுக்கே வைத்தால் ஏன் குழப்பமான அளவு காட்டுகிறது என்பதற்கும் அதிலேயே விடை இருக்கிறது.

ஆனால் மிச்சிலிறைவை என்பதை எட்டாம் வகுப்பு வாய்விட்டு வாசிக்கத் திணறும். நான் வேறு முனையிலிருந்து வருகிறேன். சுற்றுக்குப் பெயர் வைப்பதை விட்டுவிட்டு விளக்குக்குப் பெயர் வைப்போம். செத்த பேட்டரி என்பதும் சரியில்லை, அது இன்னும் சாகவில்லை. நலிந்த மின்கலம். நலிகலம் என்று சுருக்கலாம். வினைத்தொகை: நலிந்த கலம், நலிகின்ற கலம், நலியும் கலம். இந்தச் செல் மூன்று காலத்திலும் அதைத்தான் செய்கிறது. 1.2 வோல்ட்டில் தொடங்கி நலிந்துகொண்டே போகிறது. தொடங்க 0.6 வோல்ட் அளவாவது வேண்டும். ஒருமுறை தொடங்கிவிட்டால் அதற்கும் கீழே இறங்கி எரியும். 'நலிகல விளக்கு'.

மடல் 9: மின்னணுப் பழுதுநீக்குபவர்

நாங்கள் 'வீக் செல்' என்போம். நலி என்றால் வீக் என்று உடனே பிடிபடுகிறது. எனக்குச் சம்மதம். மிச்சில் எனக்குப் புரியவில்லை, குறள் சொன்ன பிறகுதான் புரிந்தது.

இரண்டு எச்சரிக்கைகள். ரீசார்ஜ் செல்லை இதில் போட வேண்டாம், அடிமட்டம்வரை வடித்தால் அது கெட்டுப்போகும். சாதா செல்லானாலும் விளக்கு மங்கியதும் எடுத்துவிட வேண்டும். துத்தநாகக் கூடு அரித்து ஒழுகினால் ஸ்பிரிங்கெல்லாம் பச்சை பூத்துவிடும். செல் மிகவும் பழையதானால் அதன் இரு முனைக்கும் குறுக்கே 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள், வெளிச்சம் கூடும். உள்மின்தடை ஏறிய செல்லால் திடீர்த் துடிப்புக்கு ஈடுகொடுக்க முடியாது.

மடல் 10: தமிழாசிரியர்

நலிகலம் என்பதில் கலம் எது என்று தெரியவில்லை. மரக்கலமும் கலம், உண்கலமும் கலம். 'மின்' இல்லாத கலம் உடைந்த பாத்திரமாகிவிடும். வேண்டுமானால் 'ஒட்டக்கறவை' என்று வையுங்கள். ஒட்டக் கறத்தல் என்றால் மடியில் சொட்டில்லாமல் கறப்பது.

மடல் 11: யாழ்ப்பாணத்திலிருந்து

ஒட்டகக் கறவை என்று படித்துவிடுவார்கள் ஐயா. ஓரெழுத்துதான் வேறுபாடு.

மடல் 12: கையேட்டுத் தொகுப்பாளர்

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்துக்கு இன்று மாலை அனுப்ப வேண்டும். நலிகல விளக்குக்கு மூவர் இசைந்திருக்கிறார்கள் என்று கொள்கிறேன், யாழ்ப்பாணத்து நண்பர் மறுப்புச் சொல்லவில்லை. தலைப்பு 'நலிகல விளக்கு'. முதற்பத்தியில் ஒரே ஒருமுறை 'ஜூல் தீஃப் மின்சுற்று' என்று வரும், கடையிலும் இணையத்திலும் தேட உதவும். ஏற்றம் படம் மூன்றாம் பக்கத்தில். எச்சரிக்கைகள் கட்டத்துக்குள். மெய்ப்பு இத்துடன் இணைத்திருக்கிறேன்.

மடல் 13: யாழ்ப்பாணத்திலிருந்து

மறுப்பு உண்டு, பதிந்துகொள்ளுங்கள். விளக்கின் பெயர் கிடைத்துவிட்டது, மின்சுற்றின் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. இதே சுற்றால் கடிகாரமும் ஓட்டலாம், அப்போது விளக்கு என்ற சொல் உதவாது. மிச்சிலிறைவையை நான் விடவில்லை.

மடல் 14: தமிழாசிரியர்

நானும் உடன்படவில்லை. ஆயினும் மெய்ப்பைப் பார்த்தேன். தலைப்பில் 'நலிக்கல விளக்கு' என்று ஒற்று மிகுந்து வந்திருக்கிறது. வினைத்தொகையில் வல்லொற்று மிகாது. நலிகலம். மூன்றாம் பக்கத்திலும் ஐந்தாம் பக்கத்திலும் அதே பிழை. மாலைக்குள் திருத்திவிடுங்கள்.