வெள்ளவத்தைக் குடும்பம்

வதனி: அபியின் வகுப்பில் எல்லோரும் ஆங்கில அகராதி கொண்டுவர வேண்டுமாம். விலை கேட்டேன், தலை சுற்றியது. யாரிடமாவது பழையது இருக்கிறதா?

குகன்: அப்பப்பாவின் பெரிய அகராதி எங்கே?

சுதா அக்கா: அதைக் கேட்காதே. பிறகு அலுமாரிக் கதையும் வரும் 😄

ஜெயா மாமி: எனக்கு விளங்குகிறது சுதா.

ரவி மாமா: பெரிய அகராதிக்குக் காசு கொட்டாதே பிள்ளை. கேம்பிரிட்ஜ் அகராதி இணையத்தில் இலவசம், சொல்லுக்குப் பக்கத்தில் யூகே, யூஎஸ் என்று இரண்டு ஒலிபெருக்கிக் குறி இருக்கும், யூகேயை அழுத்தினால் உச்சரிப்புக் கேட்கும், கீழே எடுத்துக்காட்டு வசனமும் வரும், பொருளை விட அதைத்தான் அவள் வாசிக்க வேண்டும். அப்புறம் விக்கிப்பீடியாவுக்கு எளிய ஆங்கிலப் பதிப்பு ஒன்று 2001 முதல் இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரையைத் திறந்து மொழிப் பட்டியலில் 'சிம்பிள் இங்கிலிஷ்' தேடு. எல்லாத் தலைப்புக்கும் இருக்காது, இருந்தால் வசனங்கள் சின்னதாக இருக்கும்.

தர்ஷன்: மாமா, வொய்ஸ் போடுங்களேன்

வதனி: பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் மாமா.

ரவி மாமா: வகுப்புக்குச் சின்ன அகராதி போதும். இது வீட்டில். பாடப்புத்தகமும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்தில் பிடிஎஃப்பாக இருக்கிறது, தொலைத்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

குகன்: டேட்டா யார் போடுவது?

ரவி மாமா: கிவிக்ஸ் என்று ஒரு செயலி. வைஃபை உள்ள இடத்தில் எளிய விக்கிப்பீடியாவை ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு டேட்டா வேண்டாம்.

ஜெயா மாமி: சனிக்கிழமை திவசத்துக்கு வாழையிலை யார் வாங்குவது?

சுதா அக்கா: போன வருடமும் எங்கள் வீட்டுக்காரர்தான். இந்த முறை தர்ஷன்.

தர்ஷன்: எனக்குக் காலையில் வகுப்பு

சுதா அக்கா: போன வருடமும் வகுப்புத்தான்.

வதனி: மாமா, கடலாமை ஒப்படைக்கு இவள் ஒரு பக்கத்தை அப்படியே ஒட்டிக் கொடுத்துவிட்டாள். ரீச்சர் பிடித்துவிட்டா.

ரவி மாமா: பிடிக்கத்தானே வேண்டும். வாசித்து முடிந்ததும் பக்கத்தை மூடிவிட்டு, நினைவில் நின்றதை அவளே ஐந்தாறு வசனம் எழுதட்டும். பிழை வந்தால் வரட்டும். அதற்குப் பிறகு திறந்து ஒத்துப் பார்க்கலாம்.

குகன்: அபிக்கு ஐந்து வசனம், மாமாவுக்கு ஐம்பது

வதனி: 😂 சரி மாமா, ஞாயிறு கூட்டிவருகிறேன், நீங்களே இறக்கிக் கொடுங்கள்.

ரவி மாமா: ஞாயிறு பின்னேரம் வா. மாமி கோயிலுக்குப் போகாவிட்டால்.

ஜெயா மாமி: போவேன். இலை?

தர்ஷன்: பார்ப்போம் மாமி