ஹார்ட்ஃபோர்டு சிவிக் சென்டர் கூரை: உங்களை இன்னும் உறுத்தும் இடம் எது? (பொறியாளர் மன்ற இழை; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்)

சாரங்கட்டி

கேஸ் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகவே சொல்கிறேன். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரின் உள்விளையாட்டரங்கு. 1978 ஜனவரி 18, அதிகாலை 4:15, பனிச்சுமையோடு மொத்தக் கூரையும் 83 அடி கீழே. சில மணி நேரம் முன்னால்தான் சுமார் 5,000 பேர் கூடைப்பந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

எனக்கு உறுத்துவது அந்த அதிகாலை இல்லை, 1973. முகப்புப் பேனல் மாட்ட வந்த சப்-கான்ட்ராக்டருக்குக் கூரை விளிம்பில் சப்போர்ட்டும் பேனலும் சேரவில்லை. பேனல் சரியாகத்தான் செய்திருந்தது, தொங்கியது விளிம்பு. நாலு தூண்களும் விளிம்பிலிருந்து 45 அடி உள்ளே தள்ளி நிற்கின்றன, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த 45 அடி எவ்வளவு தொங்கும் என்று போட்ட கணக்கைத் தாண்டித் தொங்கிவிட்டது. அவர் போய்ச் சொன்னதற்குக் கிடைத்த பதில், நீயே சமாளித்துக்கொள், தாமதமானால் பொறுப்பு உன்னுடையது. சில சப்போர்ட்டை வெட்டினார்கள், சிலதைப் புதிதாகச் செய்து மாட்டினார்கள். பேனல் உட்கார்ந்துவிட்டது. அந்தக் கட்டடம் கொடுத்த மிகத் தெளிவான அளவீடு, கேஸ் கட்டரால் வெட்டித் திருத்தப்பட்டது.

பழைய டிராயிங்

பேனலுக்கு முன்னாலேயே மணி அடித்துவிட்டது. கூரை 300-க்கு 360 அடி ஸ்பேஸ் ஃபிரேம் (எஃகு உறுப்புகளை இரண்டு அடுக்காகக் கோர்த்த முப்பரிமாணச் சட்டகம்), 30 அடிக் கட்டம், மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் 21 அடி. மொத்தத்தையும் தரையில் வைத்தே கோர்த்தார்கள். அப்போதே சில ஜாயிண்ட்டில் தொய்வு கூடுதல் என்று சோதனை ஏஜென்சி தெரிவித்தது. 1973 ஜனவரியில் நாலு தூண் மேல் ஹைட்ராலிக் ஜாக் வைத்துத் தூக்கி நிறுத்தி அளந்தால், கணக்கில் வந்ததைப் போல இரண்டு மடங்கு. ஏட்டுக் கணக்குக்கும் நேரில் அளப்பதற்கும் இந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்லிக் கடந்துபோனார்கள்.

இந்த இடத்தில் யாராவது ஒரு நிமிஷம் எளிய வகுத்தல் போட்டிருக்கலாம். கூரையின் சொந்த எடையைச் சுமார் 20 சதவீதம் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. எடை கால் பங்கு கூடினால் தொய்வும் கால் பங்குதான் கூடும், இரண்டு மடங்கு ஆகாது. இரண்டு மடங்கு என்றால் ஃபிரேமின் விறைப்பு மாடலில் இருந்ததில் கிட்டத்தட்ட பாதிதான், அதாவது மாடலில் வேலை செய்கிற சில உறுப்புகள் மேலே வேலை செய்யவில்லை. எந்த உறுப்பு என்று தேடுவதுதான் அடுத்த வேலை. யாரும் தேடவில்லை.

நாலு ஆங்கிள்

எந்த உறுப்பு என்று நான் சொல்கிறேன். மேல் கார்டு, அதாவது மேல் அடுக்கில் கிடையாக ஓடும் எஃகு உறுப்பு.

மேல் கார்டு 30 அடிக்கு ஒரு ஜாயிண்ட். கம்ப்யூட்டர் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் நடுவில், 15 அடியில், ஒரு பிரேசிங் (பக்கவாட்டில் தாங்கும் உறுப்பு) பிடித்துக்கொண்டிருப்பதாக எடுத்துக்கொண்டார்கள். கட்டியதில் நாலு பக்க வெளி ஓரத்திலும் அந்த நடுப் பிடிப்பே இல்லை. உள்ளே இருந்த கார்டுகளுக்கும் அரைகுறைதான், ஏனென்றால் பிரேசிங் கார்டு மட்டத்தில் வந்து சேராமல் கொஞ்சம் கீழே வந்து சேர்ந்தது. கீழே பிடித்தால் கார்டு பக்கவாட்டில் போக இடம் கிடைத்துவிடுகிறது. பிடிமானம் பாறை மாதிரி இல்லாமல் ஸ்பிரிங் மாதிரி.

பிடிப்பில்லாத நீளம் இரட்டித்தால் ஆய்லர் சுமை, அதாவது அழுத்தத்தில் உறுப்பு வளைந்து நெளியத் தொடங்கும் சுமை, நாலில் ஒன்று. நம் எஃகுக் கட்டுமான விதி ஐ.எஸ். 800 சொல்லும் 180 என்ற மெலிவு வரம்பை (நீளத்தைச் செக்‌ஷனின் சுழல் ஆரத்தால் வகுத்த எண்) வைத்துப் பாருங்கள்: 15 அடிக்கு சுழல் ஆரம் 25 மி.மீ. இருந்தால் ஒப்பேறும், 30 அடிக்கு 51 மி.மீ. வேண்டும். செக்‌ஷன் அதேதான்.

காரணம் ஆராய நகரம் அமர்த்திய லெவ் ஸெட்லின் பொறியாளர் குழு கொடுத்த எண்கள்: கிழக்கு, மேற்கு வெளி ஓர மேல் கார்டுகளில் 852 சதவீத மிகைச்சுமை, வடக்கு, தெற்கு ஓரத்தில் 213, உள்ளே கிழக்கு மேற்காக ஓடும் கார்டுகளில் 72. விழுந்தபோது கூரையில் இருந்த மொத்தச் சுமை சதுர அடிக்கு 66 முதல் 73 பவுண்டு. தாங்கியிருக்க வேண்டியது குறைந்தது 140.

அந்த 852-தான் என்னை விடமாட்டேன் என்கிறது. இதை வைத்துக்கொண்டு ஐந்து குளிர்காலம் நின்றிருக்கிறது. முதலில் வளைந்த கார்டு தன் பங்கைப் பக்கத்துக் கார்டுக்குத் தள்ளும், அது அடுத்ததுக்குத் தள்ளும். கூரை கட்டி முடிந்த நாளே சரிவு தொடங்கிவிட்டது என்றே அந்தக் குழு எழுதியது. கடைசிப் பனி வெறும் சாக்கு.

முறுக்கு

நாலு ஆங்கிள் சார், பெயரை வைத்துக்கொண்டு அதையே விட்டுவிட்டீர்களே. கார்டு செக்‌ஷன் என்ன? நாலு ஆங்கிளை (L வடிவ எஃகு) முதுகோடு முதுகு சேர்த்து வைத்த சிலுவை. 15 அடி, 30 அடி என்று நீளத்தை மட்டும் பேசினால் பாதிக் கதைதான்.

சிலுவைக்கு வளைவதற்கு முன்னால் முறுக்கிக்கொள்ளும் குணம் உண்டு. கை அகலம் b, கனம் t என்றால், முறுக்கி நெளியும் அழுத்தம் கிட்டத்தட்ட G (எஃகின் வெட்டு விறைப்பு எண்) பெருக்கல் (t/b)-யின் வர்க்கம். இந்தச் சூத்திரத்தில் நீளம் எங்கே? இல்லை. நீங்கள் 15 அடியில் பிடித்தாலும் 10 அடியில் பிடித்தாலும் அது பெரிதாக ஏறாது. ஏற வேண்டுமானால் கனத்தைக் கூட்டணும், இல்லை செக்‌ஷனை மூடணும். அதே எடையில் ஒரு குழாயோ பெட்டி செக்‌ஷனோ போட்டிருந்தால் இந்த விவாதமே இல்லை. லூமிஸ் அண்ட் லூமிஸ் என்ற பொறியியல் நிறுவனத்தார் தனியாக ஆராய்ந்து, தூண்களை ஒட்டிய மேல் கார்டுகள் முறுக்கி நெளிந்ததுதான் முதல் காரணம் என்றார்கள். அன்றைய நிரல்கள் பெரும்பாலும் இதைச் சோதிக்கவே இல்லை.

இன்னொன்று: நாலு ஆங்கிளையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்பேசர் தட்டுகள் சில உறுப்புகளில் மிகவும் தள்ளித் தள்ளி இருந்தன. தட்டு தள்ளிப்போனால் அது ஒரு சிலுவையாக இல்லை, நாலு தனித்தனி ஆங்கிள்.

நாலு ஆங்கிள்

முறுக்கு சார், உங்கள் சூத்திரத்தை மறுக்கவில்லை. ஆனால் ஓரத்தில் 852-ம் உள்ளே 72-ம் ஏன்? செக்‌ஷன் வடிவம் ஒரே ரகம்தானே. ஓரத்தில் பிடிப்பில்லை, உள்ளே அரைப் பிடிப்பு இருந்தது. வித்தியாசம் நீளத்தில்தான்.

முறுக்கு

852 வந்ததே ஸெட்லின் குழு வளைவு நெளிவை வைத்துக் கணக்கிட்டதால்தான். கேள்வியை எப்படிக் கேட்கிறோமோ அப்படித்தான் எண் வரும். வெல்டிங்தான் காரணம், ஸ்கோர்போர்டைக் கூரையோடு சேர்த்த வெல்டு விட்டுப்போனது என்று பொறியாளர் ஹான்ஸ்கார்ல் பண்டல் சொன்னார். அவரும் எண்ணோடுதான் வந்தார்.

ஓவர்சியர்

வெல்டு வாதத்தை முறுக்கு சார் தன் வாதத்தோடு ஒரே தட்டில் வைப்பது சரியில்லை. பண்டல் ஆராய்ந்தது கட்டடக் கலைஞரின் காப்பீட்டு நிறுவனத்துக்காக. ஒரு வெல்டு விட்டதற்கு 1973-லேயே தொய்வு இரண்டு மடங்கு ஆகாது.

என்னை உறுத்துவது ஒரு சின்ன உறுப்பு. மேல் கார்டிலிருந்து எழும் குட்டைக் கால்கள். கூரைத் தகடு கார்டின் மேல் நேராக உட்காரவில்லை, இந்தக் கால்களின் மேல் உட்கார்ந்தது. ஃபிரேமுக்குக் கேம்பர் (முன்கூட்டியே கொடுக்கும் மேல்நோக்கிய வளைவு) கொடுக்கவில்லை, அதனால் தண்ணீர் வடியும் சரிவைக் கால்களின் உயரத்தை மாற்றி மாற்றி உண்டாக்கினார்கள். கார்டில் தகட்டின் சுமையால் வளைவு வராது என்பது லாபம். யோசனை என்னவோ அழகுதான். ஆனால் தகடு கார்டின் மேலேயே உட்கார்ந்திருந்தால் அதுவே பக்கவாட்டுப் பிடிப்பாக இருந்திருக்கும். காலைப் போட்டதும் அந்த இலவசப் பிடிப்பு போனது. ஒரே முடிவில் லாபமும் நஷ்டமும். லாபத்தைக் கணக்கில் எழுதினார்கள்.

லெவல்

இந்த இழையைப் படிக்கிற இளம் பொறியாளர்களுக்காக, யாரும் கேட்காவிட்டாலும், பெரிய ஃபிரேம் தூக்கும்போது அளவு எடுக்கும் முறை.

தரையில் கோர்த்து முடித்ததும், தாங்குகட்டைகளை எடுப்பதற்கு முன், எல்லா ஜாயிண்ட்டிலும் லெவல் ரீடிங் எடுங்கள். சில ஜாயிண்ட் போதாது. அசையாத பெஞ்ச்மார்க் (உயரத்தை ஒப்பிடும் புள்ளி) இரண்டு வேண்டும், ஒன்று தட்டுப்பட்டால் மற்றது காப்பாற்றும். தூக்கியவுடன் ஒரு தடவை, ஒரு நாள் நின்ற பிறகு ஒரு தடவை, கூரைத் தகடு கால் பங்கு ஏறும்போதெல்லாம் ஒரு தடவை.

சூரியன் ஏறுவதற்கு முன் எடுங்கள். மேல் அடுக்கு கீழ் அடுக்கை விட 15 டிகிரி சூடானால், 91 மீட்டர் நீளத்துக்கு மேல் அடுக்கு 16 மி.மீ. நீளும், 21 அடி ஆழமும் 210 அடி இடைவெளியும் உள்ள ஃபிரேமில் நடு சுமார் 14 மி.மீ. மேலே எழும்பும். மத்தியானம் எடுத்த ரீடிங்கை வைத்துத் தொய்வு குறைவு என்று சந்தோஷப்பட வேண்டாம்.

ஒப்பிடும்போது அந்தக் கட்டத்தில் உள்ள சுமைக்கான கணக்கோடு ஒப்பிடுங்கள். முழுச் சுமைக்கான எண்ணோடு ஒப்பிட்டு “இன்னும் வரம்புக்குள்தான்” என்று எழுதுவது வழக்கமான ஏமாற்று. வித்தியாசம் இருந்தால் முதலில் எடையைச் சரிபாருங்கள்: தட்டு, போல்ட், கால்கள், நடைபாதை, விளக்கு, ஸ்கோர்போர்டு. எடையால் விளக்க முடியாத மீதிதான் விறைப்புக் குறைவு. அது இருந்தால் அடுத்த சுமை ஏற்றாதீர்கள்.

பிறகு நூல் கட்டுங்கள். அழுத்தம் ஏறும் ஒவ்வொரு கார்டுக்கும் ஜாயிண்ட்டிலிருந்து ஜாயிண்ட்டுக்கு நூல் பிடித்து நடுவில் விலகலை அளங்கள், கிடையாகவும் செங்குத்தாகவும். நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான வரம்பு. 30 அடிக்கு 9 மி.மீ. அதைத் தாண்டினால் படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் அனுப்புங்கள்.

சாரங்கட்டி

லெவல் சார், எல்லாம் சரி, ஆனால் அங்கே அளவு எடுக்கத்தான் செய்தார்கள். எழுத்திலும் போனது. படிக்கத்தான் ஆளில்லை.

டெண்டர்

ஆளில்லை என்பது நிஜமாகவே ஆளில்லை. வேலையை ஐந்து சப்-கான்ட்ராக்டாகப் பிரித்து, கட்டுமான மேலாளர் ஒருங்கிணைத்தார். சைட்டில் முழுநேரமும் ஒரு ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் இருக்க வேண்டும் என்று கட்டடக் கலைஞர் தரப்பு கேட்டது. வீண் செலவு, ஆய்வை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று மேலாளர் தரப்பு மறுத்தது. ஸ்பேஸ் ஃபிரேமைத் தேர்ந்தெடுத்ததே எஃகில் சுமார் 5 லட்சம் டாலர் மிச்சம் என்று சொல்லித்தான். வடிவமைத்தவர், தயாரித்தவர், கோர்த்தவர், சோதித்தவர் எல்லாரும் தனித்தனி. தொய்வு யாருடைய தாளிலும் சொந்தப் பிரச்சினையாக ஏறவில்லை.

சந்தேகப்பட்டது தொழில்காரர்கள் மட்டுமில்லை. கூரை தொங்குவதைப் பார்த்து நகரவாசி ஒருவரே கேட்டார், ஒன்றுமில்லை என்று நகரத்துக்கு உறுதி கொடுத்தார்கள். வழக்கு தீர்ப்புவரை போகவில்லை. ஆறு வருஷம் கழித்து நீதிமன்றத்துக்கு வெளியே முடித்துக்கொண்டார்கள். இதெல்லாம் நடந்தது அமெரிக்காவின் காப்பீட்டுத் தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஊரில்.

ரிவெட் ராஜா

இதே மாதிரி கான்ஸஸ் சிட்டி கெம்பர் அரீனா, 1979 ஜூன் 4. அங்கேயும் ஸ்பேஸ் ஃபிரேம் நெளிந்துதான் விழுந்தது.

முறுக்கு

இல்லை. அங்கே முதலில் விட்டது கூரையைத் தொங்கவிட்ட ஹேங்கரின் ஏ490 என்ற உயர்வலிமை ரக போல்ட்டுகள். காற்றில் ஆடி ஆடி களைத்த போல்ட், மேலே தேங்கிய மழைத்தண்ணீர். நெளிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்குத் தனி இழை போடுங்கள், வருகிறேன்.

ஐஸ் ரிங்க்

எல்லாரும் கூரையையே பார்க்கிறீர்கள். 1975 ஜனவரியில் திறந்தது ஒரு வளாகம்: விளையாட்டரங்கு, கண்காட்சிக் கூடம், ஹோட்டல், கடைகள். டவுன்டவுனில் ட்ரம்புல் தெருவையும் அசைலம் தெருவையும் ஒட்டி, ஏட்னா காப்பீட்டு நிறுவனத்தின் பணமும் நகரத்தின் பணமும் சேர்ந்து.

கூரை விழுந்ததும் வேலர்ஸ் ஹாக்கி அணி ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனது, சுமார் 40 கி.மீ. வடக்கே. அங்கே ஆடிக்கொண்டிருக்கும்போதே 1979-ல் என்.எச்.எல். என்ற தேசிய ஹாக்கி லீக்கில் சேர்ந்தார்கள். பெயரில் ஹார்ட்ஃபோர்டு, ஆடுவது வேறு மாநிலத்தில். 1980 பிப்ரவரி 6-ல் திரும்பினார்கள். அந்த சீசனில் அணியில் இருந்த புகழ்பெற்ற வீரர் கார்டி ஹோவுக்கு வயது 51. இருக்கை சுமார் 10,500-லிருந்து சுமார் 14,500 ஆனது. விழுந்ததால் அரங்கு பெரிதாகித் திரும்பியது, இதை யாரும் சொல்வதில்லை.

1997 ஏப்ரல் 13, கடைசி ஆட்டம், டாம்பா பே அணியை 2-1 என்று வென்று, பிறகு அணி கரோலினாவுக்குப் போய்விட்டது.

ஓவர்சியர்

அணி போனது கூரையால் இல்லையே, ஐஸ் ரிங்க் தோழர்?

ஐஸ் ரிங்க்

இல்லை, பணம். ஆனால் டவுன்டவுன் அரங்குக்கு ஒரு நிரந்தர வாடகைக்காரர் போனால் என்ன ஆகும் என்பதை அங்கே பார்க்கலாம். கடைப்பகுதி தெருவுக்கு முதுகைக் காட்டி உள்நோக்கிக் கட்டியது, ஆட்ட நாள் கூட்டம் உள்ளேயே வந்து உள்ளேயே போகும். கூட்டம் குறைந்தால் கடை தாங்காது. 2004-ல் அந்தக் கடைப்பகுதியை இடித்தார்கள், 2006-ல் அதே இடத்தில் 36 மாடிக் குடியிருப்பு வந்தது. அரங்கு 2007-ல் எக்ஸ்எல் சென்டர் ஆனது, 2025-ல் பீப்பிள்ஸ்பேங்க் அரீனா.

பழைய டிராயிங்

நாலு ஆங்கிளுக்கும் முறுக்குக்கும் ஒன்று. விழுந்த பிறகு எடுத்த படத்தில் நடுப்பகுதி தரையில், நாலு மூலையும் வானத்தைப் பார்த்துத் தூக்கி நிற்கும். நடுவில் மடிந்து, தூண் மேல் துலாவாக ஆடி, நீட்டிக்கொண்டிருந்த பக்கம் எழும்பியிருக்கிறது. உங்கள் இரண்டு பேர் வாதத்துக்கும் அந்தப் படம் ஒத்துவரும், அதனால் அதை யாரும் ஆதாரமாகக் காட்ட வேண்டாம். காட்ட வேண்டுமானால் ஓரக் கார்டின் நடு ஜாயிண்ட் டிராயிங்கைக் காட்டுங்கள், பிரேசிங் எங்கே வந்து சேர்கிறது என்று அதில்தான் தெரியும்.