சின்ன செயற்கைக்கோளை ஏவுமுன் எங்கே, எப்படிச் சோதிக்கிறார்கள்? சர்க்கரை ஆலை வேக்கும் பான் உதவுமா?

கத்ர்போர்ன் டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். மொரிசியஸில் ஒரு கொலேஜில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். 2021 ஜூனில் நம் நாட்டின் முதல் செயற்கைக்கோள் மிர்-சாட்1 விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே போனதே, அந்தச் செய்தியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது என் வகுப்பில் இருக்கிறார்கள். அதே 10 சென்டிமீட்டர் கனசதுர அளவில் ஒரு பெட்டி செய்து உள்ளே போர்டு, பேட்டரி, ரேடியோ, வெப்ப உணரி எல்லாம் வைத்திருக்கிறார்கள். அது மேலே போகப்போவதில்லை என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் உண்மையான கோளைச் சோதிக்கிற மாதிரியே இதையும் சோதித்தாக வேண்டுமாம், ஒரே பிடிவாதம்.

ஒரு பையனின் அப்பா சர்க்கரை ஆலையில் வேலை செய்கிறார். அங்கே வேக்கும் பான் (காற்றை உறிஞ்சிவிட்டுப் பாகு காய்ச்சுகிற மூடிய பாத்திரம்) இருக்கிறதாம், பெட்டியை அதற்குள் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். சிரித்துவிட்டேன், அப்புறம் ஏன் கூடாது என்றும் தோன்றியது. பெரிய இடங்களில் என்னென்ன செய்கிறார்கள், அதில் பள்ளிக்கூடத்தில் எது முடியும், தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கேப்டவுன்காரன்:
டீச்சர், நான் டர்பன்காரன், கேப்டவுனில் வைப்ரேஷன் சோதனைக் கூடத்தில் வேலை. எனக்குத் தெரிந்த பகுதியை மட்டும் சொல்கிறேன், வேக்கும் சமாச்சாரத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

ஏவும்போது ராக்கெட் தருகிற குலுக்கல்தான் முதல் கண்டம். அதைத் தரையில் உண்டாக்க ஷேக்கர் என்று ஒரு மேசை இருக்கிறது, பெரிய ஒலிபெருக்கியின் காந்தமும் சுருளும் எப்படி வேலை செய்யுமோ அதே தத்துவம், கோளை அதன் மேல் போல்ட் போட்டு முடுக்கிவிட்டு மூன்று திசைகளிலும் தனித்தனியாக ஆட்டுவோம். 20 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை எல்லா அதிர்வெண்ணும் ஒரே நேரத்தில் கலந்து வரும், அதற்கு ரேண்டம் என்று பெயர். நாசாவின் பொது விதிமுறையில் சிறிய கருவிகளுக்கான தகுதிச் சோதனை அளவு 14.1 ஜி ஆர்எம்எஸ் (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம், ஆர்எம்எஸ் ஒருவகைச் சராசரி), ஒவ்வொரு திசைக்கும் 2 நிமிடம். நிஜமாகப் பறக்கப்போகிற பெட்டிக்கு அதைவிடக் குறைத்து 10 ஜி, 1 நிமிடம்.

வெளியிலிருந்து பார்க்க வருகிறவர்கள் அந்த இரைச்சலைத்தான் பார்ப்பார்கள். ஆனால் எங்களுக்கு முக்கியமானது அதற்கு முன்னும் பின்னும் மெதுவாக ஓட்டுகிற சைன் ஸ்வீப், அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணாக வரிசையாக ஏற்றிக்கொண்டு போவது. பெட்டி தானாக அதிகம் ஆடுகிற இயல்பு அதிர்வெண் முன்னே 180 ஹெர்ட்ஸில் நின்றது, குலுக்கிய பிறகு 165க்கு இறங்கிவிட்டது என்றால், வெளியே ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கழற்றித்தான் ஆக வேண்டும். அதற்குத்தான் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பக்கத்துத் தகடு வரை பெயின்டில் ஒரு சின்னக் கோடு போடுகிறோம், திருகு அசைந்திருந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். இதைப் பிள்ளைகள் நகப்பூச்சிலேயே செய்யலாம், காசே வேண்டாம்.

மிர்-சாட்1க்கு ஒரு சௌகரியம் இருந்திருக்கும். விண்வெளி நிலையம் வழியாகப் போகிற சிறு கோள்கள் நுரைப் பஞ்சுக்குள் பொதிந்து சரக்கோடு சரக்காகப் போகும், குலுக்கல் குறைவு. ஆனால் வீரர்கள் வாழ்கிற இடம் என்பதால் பாதுகாப்புச் சோதனைகள் கடுமை. கூரான விளிம்பு இருக்கக்கூடாது, பேட்டரி சந்தேகமில்லாமல் நல்லதாக இருக்க வேண்டும், வெளியே தள்ளிய பிறகு 30 நிமிடம் ரேடியோ வாயைத் திறக்கக்கூடாது.

எங்கள் பக்கம் கிராபௌ ஊருக்கு அருகே ஹௌடெக் என்று ஒரு இடம், 1980களில் கோள்களைப் பூட்டவும் சோதிக்கவும் என்றே கட்டினது. ஹெர்மானஸில் காந்த ஆய்வகம் இருக்கிறது, கோளின் காந்தமானியை அளவுப்படுத்த அப்படி அமைதியான இடம்தான் வேண்டும். முதலில் அது கேப்டவுனில்தான் இருந்தது, ரயிலுக்கு மின்சாரம் வந்ததும் அளவெல்லாம் கெட்டுப்போய் 1941ல் ஹெர்மானஸுக்கு மாற்றிவிட்டார்கள்!

பழைய ஆலைக்காரர்:
அந்தப் பையனின் அப்பாவுக்கு நான் பதில் சொல்கிறேன், நானும் ஆலையில் பான் பாய்லராக, அதாவது பானில் பாகு காய்ச்சுகிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, நம் பானில் இருப்பது அரைகுறை வேக்கும்தான். பாகு கருகாமல் 65 டிகிரி பக்கத்தில் கொதிக்க எவ்வளவு காற்றை இழுக்க வேண்டுமோ அவ்வளவுதான் இழுக்கிறோம், வெளி அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கோ ஆறில் ஒரு பங்கோ உள்ளே மிச்சம் இருக்கும். போதாததற்கு உள்ளே முழுக்க நீராவியும் பாகு ஒட்டலும். பெட்டி வெளியே வரும்போது சர்க்கரை மிட்டாயாக வரும் 😄

ஆனால் எனக்கும் ஒரு சந்தேகம். காற்று இல்லாததில் அப்படி என்ன கெட்டுவிடும்? பாட்டில்போல மூடிய பொருள் என்றால் வெடிக்கும், சரி. சர்க்யூட் போர்டுக்கு என்ன?

ஏபேன் வாசி:
ஆலைக்கார ஐயா, நல்ல கேள்வி. மேசை மேல் இருக்கும்போது ஒரு சிப்பின் சூட்டைச் சுற்றியுள்ள காற்று சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு போகிறது. காற்றை எடுத்துவிட்டால் சூடு போக வழி இரண்டுதான், உலோகம் வழியாகக் கடத்தல், இல்லாவிட்டால் கதிர்வீச்சு. இங்கே குளுகுளுவென்று இருந்த ரேடியோ அங்கே கொதிக்கும். அதனால்தான் தெர்மல் வேக்கும் அறை. வளிமண்டல அழுத்தத்தில் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கி, கறுப்பு பூசிய உள்சுவருக்குள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனை ஓடவிட்டு, சூடு குளிர் சூடு குளிர் என்று நாள்கணக்கில் மாற்றிக்கொண்டே கோளை இயக்கிப் பார்ப்பார்கள். விண்வெளி நிலைய உயரத்தில் ஒரு சுற்று ஏறக்குறைய 92 நிமிடம், அதற்குள் ஒரு பகல் ஒரு இரவு, அதற்குத்தான் இவ்வளவு பாடு.

இன்னொன்று, பிளாஸ்டிக்கும் பசையும் வேக்குமில் ஆவி கக்கும், அது போய் கேமரா லென்ஸில் படியும். பொருளை 125 டிகிரியில் 24 மணி நேரம் வேக்குமில் வைத்தால் எடை 1 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது, எதிரே உள்ள குளிர்ந்த தட்டில் படிவது 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதுதான் வழக்கமான எல்லை. பிவிசி வயர், ஹாட் குளூ எல்லாம் அங்கே வேலைக்கு ஆகாது டீச்சர், டெஃப்லான் வயர் வாங்கச் சொல்லுங்கள்.

இந்த அறையை ஒருமுறை ஓட்ட ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த மனசு வராது. 2017ல் ஹூஸ்டனில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அறைக்குள் உறைந்து கிடந்தபோதுதான் ஹார்வி புயல் வந்தது. மொரிசியஸில் நமக்கு கிளாஸ் 3 புயல் எச்சரிக்கை போட்டாலே பேக்கரி வாசலில் கூட்டம் அலைமோதும், அவர்கள் வெள்ளத்துக்கு நடுவில் அங்கேயே தங்கி சோதனையைத் தொடர்ந்தார்கள். அடுத்த ஆண்டு ஒலிச் சோதனைக்குப் பிறகு அதன் சூரியக் கேடய மூடியிலிருந்து திருகுகளும் வாஷர்களும் கழன்று கீழே கிடந்தன என்பது வேறு கதை, அது தரையிலேயே தெரிந்தது நல்லதாகப் போயிற்று.

நாமக்கல் பேரன்:
எங்கள் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கத்து அனார்த்தோசைட் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ சந்திர மண் மாதிரி செய்தது, சந்திரயானின் லேண்டரையும் ரோவரையும் சோதிக்க. சந்திரயான்-3 லேண்டரை கட்டடம் கட்டுகிற மாதிரி டவர் கிரேனில் தொங்கவிட்டு எஞ்சினை ஓட்டியும் பார்த்தார்கள்.

ஆனால் வசதி இருந்தால் மட்டும் போதாது, பறக்கிற நிலையிலேயே சோதிக்க வேண்டும், ஏதாவது மாற்றினால் மறுபடி சோதிக்க வேண்டும். 1999ல் மார்ஸ் போலார் லேண்டர் தொலைந்ததற்குச் சொல்லப்படும் காரணத்தைப் படித்துப் பாருங்கள். கால் விரிகிற சோதனையில் உணரிகளின் வயரிங் தப்பாக இருந்தது, வயரைச் சரிசெய்தார்கள், கால் விரிப்பை மறுபடி செய்து பார்க்கவில்லை. அந்தக் கால் விரிந்த உதறலையே தரை தட்டியதாக எடுத்துக்கொண்டு மென்பொருள் நாற்பது மீட்டர் உயரத்தில் எஞ்சினை அணைத்திருக்கலாம் என்கிறது விசாரணை அறிக்கை.

கத்ர்போர்ன் டீச்சர்:
அப்பாடா, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி! கொலேஜ் லேபில் மணிஜாடியும் பழைய வேக்கும் பம்ப்பும் இருக்கிறது. வீட்டு ஃப்ரீசரையும் சேர்த்து ஏதாவது செய்யலாமா?

ஏபேன் வாசி:
தாராளமாக. ஆனால் தட்டையான பை மாதிரி லிப்போ பேட்டரியை மணிஜாடிக்குள் வைக்கவே வேண்டாம், உப்பிவிடும், பிள்ளைகள் பக்கத்தில் நிற்பார்கள். வெளியிலிருந்து வயர் வழியாக மின்சாரம் கொடுங்கள். ஹை வோல்டேஜ் எதுவும் இருந்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள், அரைகுறை வேக்குமில்தான் மின்பொறி சுலபமாகப் பாயும்.

ஃப்ரீசருக்குப் பெட்டியை ஜிப் பையில் சிலிகா ஜெல்லோடு போட்டு மூடி வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், நம் ஊர் ஈரத்துக்கு போர்டு முழுக்க நீர் கோத்துக்கொள்ளும், அறைச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே கிடக்கட்டும். உறைநிலைக்குக் கீழே பேட்டரியை சார்ஜ் பண்ணக்கூடாது, அது விண்வெளியிலும் அதே விதிதான்.

கேப்டவுன்காரன்:
குலுக்க ஷேக்கருக்குப் பதில் பழைய ஊஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஒலிபெருக்கி) ஒன்று போதும், நடுவில் தட்டு ஒட்டி, போனில் டோன் ஆப் வைத்து ஆம்ப்ளிஃபயர் வழியாகக் கொடுங்கள். போனில் உள்ள முடுக்கமானியை நம்பி அளக்க வேண்டாம், சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் அதற்கு ஒன்றும் தெரியாது, தனி உணரி மலிவாகவே கிடைக்கும். முன்னும் பின்னும் எடுத்த இரண்டு வரைபடத்தையும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.